அத்தை ஏறாத பிரசங்கப்பீடம்

கூமாப்பட்டியில் என் அத்தை முப்பது ஆண்டுகள் ஓய்வுநாள் பள்ளி நடத்தினார். நடவு, களையெடுப்பு என்று வாரமெல்லாம் வயலில் நின்றவர். ஞாயிறானால் பிள்ளைகளுக்கு வேதக்கதை சொல்வார். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. ஒரேயொரு முறை, பெண்கள் பண்டிகையன்று பிரசங்கம் செய்யட்டுமா என்று கேட்டார். “சபையில பொம்பளை பேசக்கூடாதுன்னு பவுலே எழுதியிருக்காரு. அதுவும் குடும்பம் இல்லாதவ, என்னத்தச் சொல்லப்போற?” என்றார் ஒரு பெரியவர். அத்தை அப்புறம் கேட்கவேயில்லை.

பவுல் அப்படித்தான் எழுதினாரா?

கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 14ஆம் அதிகாரத்தில் அந்தக் கட்டளை இருக்கிறது. ஆனால் அதே நிருபத்தின் 11ஆம் அதிகாரம், பெண்கள் ஜெபிப்பதையும் தீர்க்கதரிசனம் சொல்வதையும் இயல்பாக எடுத்துக்கொண்டு, அப்போது தலையை மூடவேண்டும் என்று மட்டுமே சொல்கிறது. வாயே திறக்கக் கூடாதவளுக்கு முக்காடு பற்றி எதற்குப் பேச்சு? சில பழைய கையெழுத்துப் பிரதிகளில் 14ஆம் அதிகாரத்தின் அந்த வசனங்கள் இடம் மாறிக் கடைசியில் வருகின்றன. அவை பிற்பாடு செருகப்பட்டவை என்று கருதும் ஆய்வாளர்கள் உண்டு. 7ஆம் அதிகாரமோ, கணவனுக்கு மனைவியின் உடல்மேல் உள்ள அதிகாரம் மனைவிக்கும் கணவனின் உடல்மேல் உண்டு என்கிறது. மணமாகாமல் இருப்பதை மேலானதாகவும் சொல்கிறது.

பெண் போதிக்கக் கூடாது, பிள்ளைப்பேற்றினால் இரட்சிக்கப்படுவாள் என்பது தீமோத்தேயுவுக்கான முதல் நிருபம். அதைப் பவுலின் காலத்துக்குப் பின் வேறொருவர் அவர் பெயரில் எழுதினார் என்பதே ஆய்வாளர்களில் பெரும்பாலோர் கருத்து. தடை போடவேண்டி வந்ததென்றால், போதித்த பெண்கள் இருந்திருக்கிறார்கள் என்றுதானே பொருள்?

2ஆம் நூற்றாண்டில் எழுந்த ஒரு நூலில் தெக்லா என்ற பெண் வருகிறாள். நிச்சயித்த கல்யாணத்தை உதறிவிட்டுப் பவுலைப் பின்பற்றுகிறாள், தனக்குத்தானே ஞானஸ்நானம் கொடுத்துக்கொள்கிறாள், போதிக்கிறாள். போதிக்கவும் ஞானஸ்நானம் கொடுக்கவும் பெண்கள் அவளைச் சான்று காட்டக்கூடாது என்று கி.பி. 200 வாக்கில் வட ஆப்பிரிக்காவின் தெர்த்துல்லியன் கண்டித்து எழுதினார். தீமோத்தேயு நிருபம் வேதாகமத்துக்குள் வந்தது. தெக்லா வெளியே நின்றாள்.

இது எங்கோ நடந்த கதை அல்ல. எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரம் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது. அந்தத் திருநெல்வேலியின் சீர்திருத்தத் திருச்சபை ஒரு பெண்ணிடமிருந்து தொடங்குகிறது. கிளாரிந்தா, தஞ்சாவூரிலிருந்து வந்த மராட்டியப் பிராமணக் கைம்பெண். லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தார். மணமாகாத உறவு என்பதால் சுவார்ட்ஸ் ஐயர் அவருக்கு ஞானஸ்நானம் தர மறுத்தார். அதிகாரி இறந்த பின்பு, 1778இல்தான் கொடுத்தார். உறவு இருவருடையது, வாசலில் நிறுத்தப்பட்டவர் ஒருவர்.

1780இன் சபைப் பதிவேட்டில் நாற்பது பெயர்கள். முதல் பெயர் கிளாரிந்தா. 1785இல் பாளையங்கோட்டையில் அவர் கட்டிய ஆலயத்தை ஊர் ‘பாப்பாத்தி அம்மாள் கோயில்’ என்கிறது; மதம் மாறியும் சாதி அவர் பெயரைவிட்டுப் போகவில்லை. அந்தச் சபையில் 1790இல் குருப்பட்டம் பெற்றவர் சத்தியநாதன் என்ற ஆண். தென்னிந்தியத் திருச்சபையில் ஒரு பெண், புஷ்பா லலிதா, பேராயராக 2013 ஆகவேண்டியிருந்தது.

தெக்லா கல்யாணத்தை மறுத்தாள், கிளாரிந்தா கல்யாணமின்றி வாழ்ந்தார், அத்தை கல்யாணமே செய்யவில்லை. மூவரிடமும் கேட்கப்பட்டது, உனக்கு என்ன தெரியும் என்பதல்ல; உன் உடல் யார் பொறுப்பில் இருக்கிறது என்பதே. வசனங்கள் இரண்டு விதமாகவும் இருக்கின்றன. எதை வாசிப்பது என்று தேர்ந்தெடுத்த கைகள்தாம் ஒரே விதமானவை.

இதையெல்லாம் படித்துவிட்டு ஊருக்குப் போனபோது, 7ஆம் அதிகாரத்தை அத்தைக்கு வாசித்துக் காட்டினேன். கண்ணை மூடிக் கேட்டுவிட்டுச் சொன்னார்: “இது எனக்கு அன்னைக்கே தெரியும் தாயி. அதைச் சொல்லத்தானே பிரசங்கம் கேட்டேன்.”