தோலில் எழும் அழற்சியும் திருவள்ளூர்த் தடுப்பாய்வும்

அழல் என்பது தீ. அதனடியாகப் பிறந்த அழற்சி என்னும் சொல், கிருமியாலோ காயத்தாலோ உடலின் ஒரு பகுதி தாக்குண்டவழி ஆங்கு நிகழும் மாற்றத்தைக் குறித்து இன்று மருத்துவ நூல்களில் வழங்குகின்றது. கி.பி. முதல் நூற்றாண்டினரான உரோமானிய நூலாசிரியர் செல்சஸ் சிவப்பு, வீக்கம், வெம்மை, நோவு என இதற்கு நான்கு அடையாளங்கள் கூறினார். நான்கும் நோயாளிக்குத் துன்பம் தருவன. ஆதலின் அழற்சியை நோயின் ஒரு கூறாகவே பலரும் நெடுங்காலம் எண்ணினர். 1882ஆம் ஆண்டில் மெசினா நகரில் தங்கியிருந்த உருசிய அறிஞர் மெச்சினிக்காவ், கடல் விண்மீனின் இளவுயிரில் முள்ளைச் செருகி, நகரும் உயிரணுக்கள் அம்முள்ளைச் சூழ்ந்துகொள்வதைக் கண்டார். அன்று முதல் அழற்சி காவல் என்னும் கருத்து வலுப்பெற்றது. அஃது எவ்வளவு காவல் என்பதே பின்வந்தோர் எதிர்கொண்ட வினா.

இவ்வினா பேரளவில் சோதிக்கப்பட்ட நிலம் சென்னைக்கு மேற்கே உள்ளது. 1856ஆம் ஆண்டில் இராயபுரத்திலிருந்து வாலாசா சாலை வரை ஓடிய தென்னாட்டின் முதற் புகைவண்டிப் பாதையே அம்பத்தூர், ஆவடி வழியாகத் திருவள்ளூரை அடைகின்றது. பூவிருந்தவல்லி அதற்குத் தெற்கே பெருஞ்சாலையில் அமைந்தது. இவ்வூர்கள் யாவும் முன்பு செங்கற்பட்டு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தன. இப்பகுதியின் மேலைப்புறத்தே, திருவள்ளூரையும் அதனைச் சூழ்ந்த சிற்றூர்களையும் களமாகக் கொண்டு 1968ஆம் ஆண்டில் தொடங்கிய காசநோய்த் தடுப்பாய்வே யாம் ஈண்டு எடுத்துக்கொண்ட பொருள். அதன் முடிவு விளங்கச் சிறிது பின்னோக்கிச் செல்லுதல் வேண்டும்.

காசநோய்க் கிருமியை 1882ஆம் ஆண்டில் கண்டறிந்த இராபர்ட் காக், 1890ஆம் ஆண்டில் அக்கிருமியினின்று எடுத்த சாற்றை நோய் தீர்க்கும் மருந்தென அறிவித்தார். அதுவே டியூபர்குலின். மருந்தாக அது தோற்றது. ஆயினும், முன்னரே கிருமி புகுந்த உடலில் அச்சாறு பட்ட இடம் அழன்று வீங்குவதும், கிருமி புகாத உடல் வாளா இருப்பதும் அறியப்பட்டன. தோற்ற மருந்து சோதனைக் கருவியாயிற்று. 1907ஆம் ஆண்டில் வான் பிர்கே தோலைக் கீறி அதனை இட்டார். 1908ஆம் ஆண்டில் மாந்தூ ஊசியால் தோலினுள் செலுத்தினார். மாந்தூ முறையே நிலைத்தது. முன்கையில் சாற்றைச் செலுத்தி இரண்டு மூன்று நாட்கள் கழித்துப் பார்ப்பர். சிவப்பைக் கணக்கிற்கொள்ளார், விரலால் தடவி உணரும் தடிப்பின் குறுக்களவையே மில்லிமீட்டரில் குறிப்பர். செல்சஸ் கூறிய நான்கனுள் வீக்கம் ஒன்றே இங்ஙனம் எண்ணாயிற்று. இத்துணைக் காலத்தாழ்வு ஏன் எனின், முன்பு அக்கிருமியை எதிர்ப்பட்ட வெள்ளணுக்கள் அவ்விடம் வந்து திரளுதல் வேண்டும். இவ்வகை அழற்சியை ஓருடலிலிருந்து மற்றோருடலுக்கு மாற்றுவன உயிரணுக்களே, குருதிநீர் அன்று என்பதை லாண்ட்ஸ்டெய்னரும் சேசும் 1942ஆம் ஆண்டில் கினியாப் பன்றிகளைக்கொண்டு காட்டினர். எனவே, தடிப்பு என்பது உடலின் நினைவு எனலாம். இதுவரை பிழையில்லை.

பிழை அடுத்த படியில் நுழைந்தது. பிரெஞ்சு அறிஞர்களாகிய கால்மெத்தும் கெரானும் மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பதின்மூன்று ஆண்டுகள் 230 முறை மாற்றி வளர்த்து வலியிழக்கச் செய்தனர். பி.சி.ஜி. என்னும் அத்தடுப்பு மருந்து 1921ஆம் ஆண்டில் முதன்முதல் ஒரு குழந்தைக்கு அளிக்கப்பெற்றது. பி.சி.ஜி. பெற்றவர்க்கு டியூபர்குலின் செலுத்தினால் முன்கை தடிக்கும். தடித்தமையால் காப்பு உண்டாயிற்று எனக் கொள்ளும் வழக்கம் எங்கும் பரவியது. நினைவும் காப்பும் ஒன்றே என எண்ணியதன் விளைவு இது.

இந்தியாவில் 1948ஆம் ஆண்டில் மதனப்பள்ளியில் பி.சி.ஜி. ஊசி தொடங்கப்பெற்றது, அவ்வாண்டிலேயே சென்னைக் கிண்டியில் அம்மருந்தைச் செய்யும் கூடமும் அமைந்தது. 1951ஆம் ஆண்டு முதல் அது நாடு தழுவிய இயக்கமாயிற்று. 1955ஆம் ஆண்டு சனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரசு மாநாடு சமதர்ம முறையிலான சமுதாயத்தைத் தன் குறிக்கோளாக அறிவித்தது. அரசின் திட்டங்களில் நம்பிக்கை ஓங்கியிருந்த காலம் அது. அவ்வாண்டிலேயே இராசகோபாலாச்சாரியார் பி.சி.ஜி. இயக்கத்தை எதிர்த்து நூல் வெளியிட்டார். உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான குழந்தைகளின் உடலிற் செலுத்துதல் தகுமா, அதன் பயன் மெய்ப்பிக்கப்பட்டதா என்பன அவர் எழுப்பிய ஐயங்கள். முதல் ஐயம் மிகைப்பட்டது என்பதே எம் கருத்து, பி.சி.ஜி. பெற்றோருள் பெருந்தீங்கு உற்றோர் மிகச் சிலரே. இரண்டாம் ஐயத்திற்கு அன்று இந்நாட்டில் விடை இல்லை என்பதை மறுத்தற்கில்லை.

பிறநாட்டு விடைகளோ ஒன்றோடொன்று முரணின. பிரித்தானியாவில் 1950ஆம் ஆண்டில் தொடங்கிப் பள்ளி முடிக்கும் பருவத்தினர் ஐம்பதினாயிரத்துக்கு மேற்பட்டோரிடம் செய்த ஆய்வு நூற்றுக்கு எண்பது அளவு காப்புக் காட்டியது. அதே காலத்தில் அமெரிக்க நாட்டின் ஜார்ஜியா, அலபாமா பகுதிகளில் செய்த ஆய்வு காட்டிய காப்பு நூற்றுக்குப் பதினான்கே.

இம்முரணைத் தீர்க்கவே இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக நலவாழ்வு நிறுவனத்தோடும் அமெரிக்கப் பொதுநலத் துறையோடும் கூடித் திருவள்ளூர்ப் பகுதியைத் தேர்ந்தது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட எல்லா வயதினரும் ஆய்வில் அடங்கினர். 1971ஆம் ஆண்டுக்குள் இரண்டரை இலட்சத்துக்கும் மேற்பட்டோர் தோள்காட்டி ஊசி ஏற்றனர். பாரிசு வகை, கோபன்கேகன் வகை என இருவகை மருந்தும் ஒவ்வொன்றும் ஈரளவில் வழங்கப்பெற்றன. ஒரு பகுதியினர் பெற்றது மருந்தற்ற ஊசி. எவர் எதனைப் பெற்றார் என்பது ஊசியிட்டாருக்கும் தெரியாது. தொடக்கத்தில் 12 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்தோரை முன்னரே கிருமி புகுந்தோராகவும், 7 மி.மீ. வரை தடித்தோரைக் கிருமி புகாதோராகவும் கொண்டனர். அந்நிலத்துச் சிற்றூர் மக்களின் பொறுமையே இவ்வாய்வின் முதற்பொருள் என்பதை ஆய்வுரைகளைப் படிப்போர் எளிதில் மறந்துவிடுகின்றனர்.

ஊசியிட்ட இரண்டரை மாதத்தில் டியூபர்குலின் சோதனை செய்தபோது கைகள் நன்கு தடித்தன. பழைய அளவுகோலின்படி மருந்து வென்றுவிட்டது! ஆயின், ஏழரை ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்து 1979ஆம் ஆண்டில் வெளியிட்ட முதல் அறிக்கை, நுரையீரற் காசநோயைத் தடுப்பதில் பி.சி.ஜி. பெற்றோர்க்கும் பெறாதோர்க்கும் வேற்றுமை காணப்படவில்லை எனக் கூறியது. எழுந்த தடிப்பும் இரண்டரை ஆண்டுக்குள் பெரிதும் தணிந்திருந்தது. அன்றியும், தொடக்கத்திலேயே மிகத் தடித்தோரிடையேதான் நோய் மிகுதியாகத் தோன்றியது. தடித்த கை காக்கப்பட்ட உடலின் சான்று அன்று என்பதற்கு இதனினும் வலிய சான்று வேண்டுவதில்லை.

காரணம் யாது? மண்ணிலும் நீரிலும் காசநோய்க் கிருமியின் இனத்தைச் சார்ந்த, பெரும்பாலும் தீங்கற்ற நுண்ணுயிர்கள் பல வாழ்கின்றன. அவற்றுள் ஒன்று அமெரிக்க நாட்டுப் பேட்டி மருத்துவமனையின் பெயரால் வழங்குவது. அதன் சாற்றையும் ஆய்வாளர் மக்கள் முன்கையில் செலுத்திப் பார்த்தனர். வளர்ந்தோருள் மிகப் பெரும்பாலோர் அதற்குத் தடிப்புக் காட்டினர். வெறுங்காலுடன் வயலில் உழைத்து, ஏரிநீரிலும் குளத்துநீரிலும் புழங்கிய மக்களின் உடல் அவ்வினத்தை முன்னரே அறிந்திருந்தது என்பது இதனால் பெறப்படும். முன்னரே ஓரளவு காப்புற்ற உடலில் பி.சி.ஜி. மேலும் கூட்டுவது சிறிதே என்பதைப் பாமரும் லாங்கும் கினியாப் பன்றிகளிடம் 1966ஆம் ஆண்டிலேயே கண்டிருந்தனர். இவ்விளக்கம் பொருத்தமுடையதாயினும் முழுமையானது அன்று. தென்னாட்டுக் கிருமிவகையின் வீறு குறைவு, பழைய கிருமி மீண்டும் கிளர்தல் முதலிய பிற காரணங்களும் கூறப்பட்டன. இவை இன்றும் ஆராய்ச்சிக்குரியன.

அழற்சியைக் காவல் என்று மட்டும் கொள்வார் நுரையீரலையும் நோக்குதல் வேண்டும். கிருமியைச் சூழ்ந்து வெள்ளணுக்கள் கட்டும் சிறு முடிச்சு பலரிடம் வாழ்நாள் முழுதும் அதனைச் சிறைப்படுத்துகின்றது. சிலரிடம் அம்முடிச்சின் நடுப்பகுதி பாலாடைக்கட்டிபோல் மாண்டு, உருகி, குழியாகின்றது. அக்குழியினின்றே இருமல்வழிக் கிருமி பிறருக்குப் பரவுகின்றது. நுரையீரலை அரிப்பதில் கிருமியின் பங்கினும் உடலின் சொந்த அழற்சியின் பங்கு பெரிது. காசநோயால் மூளையுறை அழன்றவர்க்குக் கிருமிக்கொல்லி மருந்துகளோடு அழற்சியைத் தணிக்கும் டெக்சாமெத்தசோனையும் அளித்தால் இறப்புக் குறைகின்றது என வியத்நாமில் செய்த ஆய்வு 2004ஆம் ஆண்டில் காட்டியது.

பி.சி.ஜி. கைவிடப்பட்டதோ எனின், இல்லை. பச்சிளங் குழந்தைகளைத் தாக்கும் மூளையுறைக் காசநோயையும் உடலெங்கும் பரவும் காசநோயையும் அது தடுப்பதாகப் பிறவிடத்து ஆய்வுகள் காட்டின. ஆதலின் பிறந்த குழந்தைகளுக்கு அதனை இடுதல் தொடர்கின்றது. திருவள்ளூர் மக்களைப் பதினைந்து ஆண்டுகள் கண்காணித்த முடிவு 1999ஆம் ஆண்டில் வெளிவந்தது. வளர்ந்தோர்க்குக் காப்பு இல்லை, சிறார்க்குக் காணப்பட்ட காப்பும் சிறிதே என்பது அதன் சாரம். அதற்குள் 1997ஆம் ஆண்டில் திருவள்ளூர் தனி மாவட்டமாகிவிட்டது. எனினும் உலக மருத்துவ நூல்களில் இவ்வாய்வு செங்கற்பட்டு ஆய்வு என்னும் பழம்பெயராலேயே வழங்குகின்றது.