புகை அலமாரியும் காற்றின் அளவும்

இரசாயன ஆய்வுகூடத்தில் எழும் நச்சு வாயுவை வெளியேற்றுதற்கு முற்காலத்தார் நெருப்பையே துணைக்கொண்டனர். தோமஸ் ஜெபர்சன் வேர்ஜீனியாப் பல்கலைக்கழகத்திற்கு வகுத்த வட்ட மண்டபத்தின் சுவரினுள், 1840களில் அடைக்கப்பட்ட இரசாயன அடுப்பொன்று மறைந்துகிடந்தமை 2015ஆம் ஆண்டிலே வெளியாயிற்று. எரியும் அடுப்பின் வெப்பத்தால் மேலெழுந்த காற்று புகையையும் உடன்கொண்டு சென்றது. அவ்வடுப்பின்முன் நின்றவனுக்குக் காற்று இழுபடுகின்றதா என்பதைச் சுடரே காட்டியது.

நெருப்பின் இடத்தை மின்விசிறி பெற்றபின் அச்சான்று மறைந்தது. விசிறி கூரையின்மேல் இருக்கும். அதன் பட்டி அறுந்தாலும் மோட்டாரின் ஒலி கேட்டுக்கொண்டேயிருக்கும். அலமாரியின்முன் நிற்கும் மாணவனோ தன் மூச்சுக்கு வரும் கேட்டை அறியான். ஆகவே கண்ணுக்குப் புலப்படாத காற்றை அளந்துரைக்கும் கருவி வேண்டியதாயிற்று.

கருவி கூறும் எண்ணை நம்பலாமோ என்பதற்கு ஆர்மா வான்நிலையத்து வானியலாளர் தோமஸ் றொம்னி றொபின்சனின் கதை நல்ல சான்று. அவர் 1846இல் நான்கு கிண்ணங்கள் சுழலும் காற்றுமானியை அமைத்தார். கிண்ணம் எப்பருமனுடையதாயினும், புயம் எந்நீளமுடையதாயினும், காற்றின் வேகம் கிண்ணத்தின் வேகத்தைப்போல் மும்மடங்கு என்பது அவர் துணிபு. அவ்வெண் கிண்ணத்துக்கும் புயத்துக்கும் ஏற்ப இரண்டு முதல் மூன்றுக்குச் சற்று மேல் வரை வேறுபடுமென்பது பின்னரே தெளிவாயிற்று. அதனை நம்பிக் கணித்த வேகங்கள் பலவும் பிழையாயின. கருவி பழுதற்றது, அதனை வேறோர் அளவோடு ஒப்பிடாமையே குறை.

புகை அலமாரியின் வாயிலிற் புகும் காற்றின் வேகம் பொதுவாகச் செக்கனுக்கு 0.5 மீற்றர் அளவினது; நடந்துசெல்லும் மனிதனின் வேகத்திலும் குறைவு. இத்துணை மெல்லிய காற்றைச் சுழற்கிண்ணம் செம்மையாக உணராது. மின்னோட்டத்தாற் சூடேறிய மென்கம்பியிலிருந்து ஓடும் காற்று கவரும் வெப்பம் வேகத்தின் வர்க்கமூலத்தோடு தொடர்புடையதென மொன்றியல் மக்கில் பல்கலைக்கழகத்து லூயி வெசற் கிங் 1914இல் நிறுவினார். அலமாரிகளிற் பொருத்தப்படும் காவற்கருவிகள் பல இந்நெறியைத் தழுவியனவே.

அக்கருவி வாயிற்காற்றை நேரே அளப்பதில்லை. பக்கச் சுவரிலுள்ள சிறு துளை வழியே உள்ளிழுபடும் காற்றையே அது உணர்கின்றது. அதனை வாயில் வேகமாக மொழிபெயர்க்கும் பொறுப்பு பொருத்துவோனைச் சார்ந்தது. அவன் கண்ணாடிக் கதவை வேலைசெய்யும் உயரத்தில் நிறுத்தி, வாயிலை ஏறக்குறைய ஓரடிச் சதுரங்களாகப் பிரித்துக்கொண்டு, ஒவ்வொன்றின் நடுவிலும் முன்னரே சரிபார்த்த காற்றுமானியைத் தாங்கியில் நிறுத்தி அளப்பான். கையிற் பிடித்தால் அவனுடலே காற்றைத் தடுக்கும். சராசரியைக் கருவிக்கு அறிவித்தபின், காற்றோட்டத்தை மாற்றி இரண்டாவது வேகமொன்றையும் அறிவித்தல் வேண்டும். ஒரு புள்ளியை மட்டும் அறிந்த கருவி றொபின்சனின் மும்மடங்கைப் போன்றதே. எச்சரிக்கை மணி பெரும்பாலும் 0.4 மீற்றரில் ஒலிக்குமாறு அமைக்கப்படும்.

ஆயினும் வேகம் ஒன்றே காவலாகாது. 1985இல் வெளிவந்த அமெரிக்க அஷ்ரே 110 சோதனைமுறை, வேகத்தை அளப்பதோடு புகைவிட்டுப் பார்த்தலையும், அலமாரியினுள் நிமிடத்துக்கு 4 லீற்றர் சுவடுகாட்டும் வாயுவை விட்டு, முன்னே நிறுத்திய பொம்மையின் மூச்சிடத்தில் அது கசிகின்றதா எனக் காண்பதையும் சேர்த்தது. திறந்த கதவோ கூரையிலிருந்து வீசும் குளிர்காற்றோ சுழிகளை எழுப்பினால், போதிய வேகமுள்ள அலமாரியும் நஞ்சை வெளிவிடும். காவற்கருவி அச்சுழிகளை அறியாது. ஆதலாற் புகைவிட்டுப் பார்த்த பின்னரே அதற்கு எண் ஊட்டுதல் முறையாகும்.