இறுப்பிட்டிக்குக் கொம்பியூட்டர் வந்த வழி

வீட்டுக்கு ஒரு கொம்பியூட்டர் வாங்கப்போறம், எது நல்லது எண்டு ஊரிலை எங்களிட்டை அடிக்கடி கேக்கினம். நாங்கள் கலைப்பீடக்காரர். கேட்கவேண்டிய ஆக்கள் நாங்கள் இல்லை. ஆனால் கம்பஸ் போற பிள்ளையளுக்கு எல்லாம் தெரியும் எண்ட நம்பிக்கை புங்குடுதீவிலை இன்னும் அழியேல்லை. எங்களுக்குத் தெரிஞ்ச வேலை பழசைக் கிண்டுறதுதான். அதனாலை 'ராம் எவ்வளவு, புரொசசர் எது' என்று தொடங்காமல், இந்தக் கேள்வி இறுப்பிட்டி மாதிரி ஒரு இடத்துக்கு எப்போது வந்தது, அதுவரை எங்களுக்காக அதற்குப் பதில் சொன்னது யார் என்று பார்த்தோம்.

வீட்டுக் கொம்பியூட்டரின் வரலாற்றைச் சொல்பவர்கள் 1981 ஓகஸ்ட் 12ஐ ஒரு பெரிய நாளாகச் சொல்லுவார்கள். அன்றுதான் ஐபிஎம் நிறுவனம் தன் 'பேர்சனல் கொம்பியூட்டரை' வெளியிட்டது. விலை 1,565 டொலரிலிருந்து தொடங்கியது. அதற்கு ஏறக்குறையப் பத்துக் கிழமைக்கு முன்னம்தான், மே 31 இரவு தொடங்கி, யாழ்ப்பாணப் பொது நூலகத்தை எரித்தார்கள். 97,000 வரையான நூல்களும் அவற்றோடு ஓலைச்சுவடிகளும் போயின. இரண்டு சம்பவத்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை. ஆனால் ஒரே இடத்திலை ஒரே பிரதியாக இருப்பது ஒரே இரவிலை இல்லாமல் போகும் என்பதை எங்கட ஆக்கள் கொம்பியூட்டரைக் காணமுன்னமே படிச்சிட்டினம். இன்றைக்கு 'பக்கப்' என்று கடைக்காரர் சொல்லித்தருவது அதைத்தான்.

1990 யூனில் மறுபடி சண்டை தொடங்கியது. குடாநாட்டுக்கு வெளியிலிருந்து வந்த மின்சாரம் நின்றது, பொருளாதாரத் தடையும் வந்தது. பெற்றோல், மண்ணெண்ணெய், சீமெந்து, பற்றறி எல்லாம் தட்டுப்பாடு. டோர்ச் பற்றறியே கொண்டுவர ஏலாத இடத்திலை கொம்பியூட்டரைப் பற்றி யார் யோசிக்கிறது? சைக்கிளைத் தலைகீழாய் நிப்பாட்டி, டைனமோவைச் சுத்தி ரேடியோவிலை செய்தி கேட்ட காலம் அது. 1991இல் இராணுவம் தீவுப்பகுதிக்குள் வந்தபோது புங்குடுதீவுச் சனம் கையிலை எடுத்ததோடை வெளிக்கிட்டது. இறுப்பிட்டியிலும் வீடுகள் பூட்டினபடி கிடந்தன. அதே 1991 ஒக்டோபரில்தான் யூனிகோட் தரத்தின் முதற்பதிப்பு வெளிவந்தது. உலக மொழிகளின் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் இலக்கம் கொடுக்கிற அந்தத் திட்டத்தில் தமிழுக்கும் இடம் கிடைத்திருந்தது. எழுத்துக்கு நிரந்தர முகவரி கிடைச்ச வருசம் எழுதத் தெரிஞ்ச சனத்துக்கு முகவரி இல்லை.

ஆகவே எங்கட ஊராரின் முதல் வீட்டுக் கொம்பியூட்டர்கள் இறுப்பிட்டிக்கு வரவில்லை. அவை ரொறன்ரோவிலும் பாரிசிலும் லண்டனிலும் சுவிசிலும் போய்க் குடியேறின வீடுகளிலைதான் வந்தன. தமிழிலை எழுதுறதுக்கான வழிகளும் இப்படி வெளியிலைதான் வளர்ந்தன. மலேசியாவில் முத்து நெடுமாறன் 1985இலேயே முரசு மென்பொருளைத் தொடங்கிவிட்டார். சுவிற்சர்லாந்திலிருந்து கு. கல்யாணசுந்தரம் 'மயிலை' எழுத்துருவைச் செய்தார். 1998இல் மதுரைத் திட்டத்தையும் தொடங்கி, பழந்தமிழ் நூல்களை மின்வடிவாக்கத் தொண்டர்களைத் திரட்டினார்.

எங்கட ஆக்களிட்டை நின்றுபிடித்தது 'பாமினி'. தட்டச்சு மெசினிலை பழகின கைக்கு அது லேசு. ஆங்கில 'எம்' விசையை அமத்தினால் திரையிலை 'அ' வரும். ஆனால் கொம்பியூட்டரின் வயிற்றுக்குள்ளை இருப்பது அப்போதும் ஆங்கில 'எம்'தான். பாமினி அதற்கு மேலை தமிழ்ச் சட்டை போட்டுவிடுது, அவ்வளவுதான். அந்த எழுத்துரு இல்லாத மெசினிலை அதே கோப்பைத் திறந்தால் ஒரு சொல்லும் விளங்காது. இது சின்ன விசயம் இல்லை. புலம்பெயர்ந்த ஊர்ச் சங்கங்களின் மலர்கள், கலியாண அழைப்பிதழ்கள், செத்தவீட்டு நினைவுமலர்கள் எல்லாம் கன காலம் இப்படித்தான் அடிக்கப்பட்டன. முப்பத்தொன்றாம் நாளுக்கு வெளியிடுகிற அந்த நினைவுமலரிலை பரம்பரை விபரம் இருக்கும், யார் யாருக்கு எந்தக் குறிச்சி எண்டு இருக்கும். இடம்பெயர்ந்து பதிவுகளைத் தொலைச்ச ஒரு ஊருக்கு அதைவிடப் பெரிய வரலாற்று ஆவணம் எது?

2002 பெப்ரவரியில் போர்நிறுத்த ஒப்பந்தம், ஏப்ரலில் ஏ9 பாதை திறந்தது. அதன் பிறகுதான் யாழ்ப்பாணத்திலை கொம்பியூட்டர் சாதாரண வீடுகளுக்குப் போகத் தொடங்கியது. தெரிவு இரண்டு வகை. ஒன்று, கொழும்பு பம்பலப்பிட்டி யூனிற்றி பிளாசாவிலை துண்டு துண்டாய் வாங்கிப் பூட்டின மெசின். மற்றது, வெளிநாட்டு மாமா விடுமுறைக்கு வரேக்கை கொண்டுவாற பழையது. இரண்டிலும் தெரிவுசெய்தது வீட்டுக்காரர் இல்லை. காசு அனுப்பினவர் அல்லது கடைக்காரர். கடைக்காரர் தனக்கு லாபம் கூடின போர்டைப் போடுவார், மாமா தனக்குத் தேவையில்லாததைத் தருவார் என்று சொன்னால் கோவிப்பினம், ஆனால் அதுதான் நடந்தது. கன வீடுகளிலை அது முன் விறாந்தையிலை, தைச்ச துணி உறை போட்டு, ரிவிக்குப் பக்கத்திலை சாமிப்படம் மாதிரி இருந்தது.

இந்த இடத்திலை துப்புரவு பற்றிச் சொல்லவேணும். ஏனெண்டால் தீவிலை அது தனிக் கதை. பண்ணைப் பாலம் தாண்டி வேலணைக்கு வந்து, அங்கிருந்து கடலை ஊடறுக்கிற தாம்போதியாலை புங்குடுதீவுக்குள் வந்தால் நாலுபக்கமும் உப்புக்காற்று. சோளகம் வீசத் தொடங்கினால் மணலும் சேர்ந்து வரும். விசிறி அந்தக் காற்றைத்தான் உள்ளுக்கு இழுக்கும். தூசு ஈரத்தைப் பிடிக்கும், அதிலை உப்பும் சேர்ந்தால் செப்புத் தகடு பச்சை பூக்கும். 'ஓன் ஆகுது, திரையிலை ஒண்டும் வருதில்லை' என்று சொல்லுகிற மெசின்களிலை கனக்க இப்படியானதுதான். ராமைக் கழற்றி, அதன் பொன்னிறப் பல்வரிசையைப் பள்ளிக்கூட அழிறப்பராலை மெல்லத் தேய்ச்சுத் திரும்பப் பூட்டினால் உயிர் வரும். இதுக்கு ரவுணிலை காசு வாங்கிக்கொண்டு செய்தவை உண்டு. செய்யிறதெண்டால் பிளக்கைக் கழற்றிப்போட்டு, கையை ஒரு இரும்பிலை தொட்டுவிட்டுச் செய்யவேணும். துணி உறையை மெசின் ஓடும்போது எடுக்காமல் விட்டு, சூட்டிலேயே சாகடிச்ச வீடுகளும் இருக்கு. உறை போட்டது அழகுக்கு இல்லை எண்டாலும், ஓடேக்கை அது போர்வைதான்.

2006 ஓகஸ்டில் ஏ9 மறுபடி பூட்டப்பட்டது. அடுத்த மூன்று வருசத்திலை 'கொம்பியூட்டரைத் துப்புரவாக்கு' என்பதற்கு வேறொரு அர்த்தம் வந்தது. சுற்றிவளைப்பு, சோதனை, ஊரடங்கு. பாட்டு, படம், பத்திரிகை, கடிதம் எது பிழையாய்ப் பார்க்கப்படும் எண்டு தெரியாது. முந்தின தலைமுறை அல்பங்களை எரிச்சும் புதைச்சும் செய்ததை இவை 'டிலீற்' விசையாலை செய்தினம். வைரஸ் அழிச்சதைவிடப் பயம் அழிச்சது கூட என்று நாங்கள் நினைக்கிறம். அண்ணன்மாரின் கலியாண வீடியோவுக்குள்ளை தெரியாமல் வந்த முகங்கள்கூட அப்படி அழிஞ்சுபோயின. கணினிப் பாதுகாப்பைப் பற்றி எழுதுகிற எந்தக் கையேட்டிலும் இந்த ஆபத்து இல்லை.

வைரசுக்கு வருவம். எங்கட பிராந்தியத்து நாடு ஒண்டுக்கு அதிலை முதற் பெருமை உண்டு. ஐபிஎம் வகைக் கொம்பியூட்டரைத் தொற்றின முதல் வைரசாகச் சொல்லப்படும் 'பிரெயின்' 1986இல் பாகிஸ்தானின் லாகூரில் பிறந்தது. அல்வி சகோதரர்கள் இருவர் எழுதினது. தங்கட கடையின் பேர், விலாசம், தொலைபேசி இலக்கம் எல்லாத்தையும் அதற்குள்ளேயே போட்டிருந்தார்கள். களவுக்கு விலாசம் வைச்சுப் போன வேறு ஆக்களை நாங்கள் கேள்விப்பட்டதில்லை. பிரெயின் பிளொப்பியாலை பரவியது. எங்கட ஊரிலை 2009க்குப் பிறகு அதே வேலையைப் பென்ட்ரைவ் செய்தது. பள்ளிக்கூடத்திலை செருகி, கொமினிகேசன் கடையிலை பிரிண்ட் எடுத்து, வீட்டிலை செருகினால் மூன்று இடத்து வைரசும் ஒண்டாய்க் கூடும். விண்டோஸ், பென்ட்ரைவைச் செருகின உடனேயே அதற்குள் இருப்பதைத் தானாய் ஓட்டுகிற 'ஓட்டோரன்' வசதியை வைத்திருந்ததுதான் வாசல். 2008 நவம்பரில் வெளிவந்த 'கொன்ஃபிக்கர்' இதையும் ஒரு வழியாகப் பாவித்து உலகம் முழுக்கப் பரவியது. மைக்ரோசொஃப்ட் பழைய பதிப்புகளிலும் அந்த வாசலைச் சாத்துகிற திருத்தத்தைத் தானாகவே போகும்படி அனுப்பினது 2011 பெப்ரவரியிலைதான்.

அனுப்பினது சரி, எங்களுக்கு வந்துசேர்ந்ததா? கன வீடுகளிலை இருந்தது களவு சீடியிலை போட்ட விண்டோஸ் எக்ஸ்பி. திருத்தங்களை எடுத்தால் 'இது அசல் இல்லை' எண்டு காட்டிக்கொடுத்துவிடும் எண்ட பயத்திலை கடைக்காரரே தானியங்கிப் புதுப்பித்தலை நிப்பாட்டிவிட்டுத்தான் மெசினைத் தருவார். அதே கடையிலை அன்ரிவைரசுக்கும் களவு இலக்கம். பூட்டையும் திறப்பையும் கள்ளனிட்டையே வாங்கின கதை. எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 ஏப்ரல் 8 உடனும், விண்டோஸ் 7க்கானது 2020 ஜனவரி 14 உடனும் முடிந்தது. 2017 மே 12இல் 'வொன்னாகிரை' வந்து, பிரித்தானிய வைத்தியசாலைகளின் கோப்புகளையே பூட்டிக் காசு கேட்டது. அதற்கான திருத்தம் இரண்டு மாதத்துக்கு முன்னமே, மார்ச்சில் வெளிவந்திருந்தது. அகப்பட்டவை அதைப் போடாதவை. களவு சொப்ற்வெயாரை ஒழுக்கப் பிரச்சினையாய் மட்டும் பேசுறவைக்கு நாங்கள் சொல்லுறது இதுதான்: ஏழை வீட்டுக்கு அது காசுப் பிரச்சினை, ஆனால் அதன் கூலி பாதுகாப்பிலைதான் கழியுது.

2020இல் கொரோனா வந்து பள்ளிக்கூடம் ஸூமுக்குப் போனபோது, வீட்டிலை மூலையிலை கிடந்த மெசின்களை எல்லாரும் தூசு தட்டினம். கன பிள்ளையள் போனிலைதான் படிச்சது. 2022இல் ரூபா விழுந்தது. மார்ச் தொடக்கத்திலை 200 ரூபாவளவிலை இருந்த டொலர் மேயில் 360 தாண்டியது. வெளியிலிருந்து வரும் ஒவ்வொரு பொருளும் அதோடை ஏறியது. அந்த மார்ச் 31 அன்று பதின்மூன்று மணித்தியாலம் மின்வெட்டு. எங்கட அம்மாக்களுக்கு அது புதினமே இல்லை, குப்பி விளக்கு எங்கை எண்டு அவைக்குத் தெரியும்.

இப்ப கேள்விக்கு வருவம். மைக்ரோசொஃப்ட் 2025 ஒக்டோபர் 14 உடன் விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவை நிறுத்திவிட்டது. வீட்டுப் பாவனையாளர் பதிவுசெய்தால் பாதுகாப்புத் திருத்தம் மட்டும் இன்னொரு வருசம். விண்டோஸ் 11 ஏற, இன்ரெல் எண்டால் எட்டாம் தலைமுறைப் புரொசசரும், டிபிஎம் 2.0 எண்ட பாதுகாப்புச் சில்லும் வேணும். ஆகவே வெளிநாட்டு அலுவலகங்கள் கழிக்கிற மெசின்கள் இனி எங்கட சந்தைக்குக் கூடுதலாய் வரும். மலிவாய்த்தான் இருக்கும். வாங்கமுன்னம் எத்தனையாம் தலைமுறை எண்டு கேளுங்கோ. ஏழும் அதற்குக் கீழும் எண்டால் விண்டோசுக்கு எண்டு வாங்காதேங்கோ, லினக்ஸ் போட்டுப் பாவிக்க வாங்கலாம். உபுண்டுவோ மின்ரோ களவில்லாமல் சும்மா கிடைக்கும், திருத்தமும் ஒழுங்காய் வரும், தமிழும் எழுதலாம். எங்களைக் கேட்டால் மேசைக் கொம்பியூட்டரைவிட, அலுவலகத்திலை பாவிச்ச லப்டொப் தீவு வீட்டுக்குப் பொருத்தம். கறண்ட் போனால் அதன் பற்றறியே யூபிஎஸ். எட்டு ஜிபி ராமும், சுழல்கிற ஹாட் டிஸ்குக்குப் பதில் எஸ்எஸ்டியும் இருந்தால் பழசும் ஓடும். அப்பாவின் வங்கிக் கணக்கும் தம்பியின் கேமும் ஒரே கணக்குக்குள்ளை வேண்டாம், ஆளுக்கொரு பயனர் கணக்கு போடுங்கோ. வெளிநாட்டிலிருந்து காசு வாற வீடுகளுக்கு ஒருமுறைக் கடவெண் கேட்டுப் போன் எடுக்கிறவை வைரசைவிட மோசம்.

மற்றதெல்லாம் திருப்பி வாங்கலாம். காணி உறுதியின் படம், செத்த அப்பப்பாவின் ஒரே போட்டோ, அந்த நினைவுமலர்க் கோப்பு, இவை வாங்க ஏலாது. 2005இல் தொடங்கின நூலகம் இணையத்தளம் ஈழத்து நூல்களையும் பத்திரிகைகளையும் ஸ்கான் செய்து எல்லாருக்கும் திறந்து வைத்திருக்கு. 1981க்கு அதைவிட நல்ல பதில் வேறு வரவில்லை. வீட்டிலை செய்யக்கூடியது அதன் சின்ன வடிவம்: ஒரு பிரதி மெசினிலை, ஒன்று கழற்றி உறைக்குள் வைக்கிற ஹாட் டிஸ்கிலை, ஒன்று கடல் தாண்டி இருக்கிற சொந்தக்காரரிட்டை. உப்பு அங்கை போகாது. பழைய சீடிகளை முதலிலை கொப்பி பண்ணுங்கோ, அவை தீவுக் காற்றுக்கு நின்றுபிடிக்காது.

பாமினிக் கோப்புகளை யூனிகோடாய் மாற்றுகிற கருவிகள் இணையத்திலை சும்மா கிடைக்குது. பந்தியை ஒட்டி, விசையை அமத்தினால் சரி. இடைக்கிடை மெய்யெழுத்தின் குத்து விலகி நிற்கும், 'கொ'வும் 'கோ'வும் குழம்பும், ஒருக்கால் வாசிச்சுத் திருத்தவேணும். இந்த விடுமுறைக்கு நாங்கள் இறுப்பிட்டியிலை தொடங்குறம். வீட்டிலை இப்படிக் கோப்போ சீடியோ கிடந்தால் கொண்டு வாங்கோ. பென்ட்ரைவிலை கொண்டுவாறவை, செருகமுன்னம் நாங்கள் ஒருக்கால் ஸ்கான் பண்ணுவம், கோவிக்கக் கூடாது.