அந்தர்ஜனங்களும் பலதார மணமும்

அந்தர்ஜனம் என்பது கேரளத்து நம்பூதிரிப் பிராமணக் குடும்பப் பெண்களைக் குறிக்கும் பெயர். இருபதாம் நூற்றாண்டின் முதல் முப்பது, நாற்பது ஆண்டுகள் வரை இவர்களில் பலர் ஒரே கணவருக்கு இரண்டாம், மூன்றாம், சில வேளை நான்காம் மனைவியாக வாழ்க்கைப்பட்டார்கள். இந்த வழக்கம் வேரூன்றியிருந்த இடங்களில் ஒன்று பழைய வள்ளுவநாடு. அதன் பெரும்பகுதி இன்றைய பாலக்காடு, மலப்புறம் மாவட்டங்களில் அடங்குகிறது. வழக்கத்தை உடைத்த நிகழ்ச்சிகளில் முக்கியமான சிலவும் பாலக்காட்டு மண்ணிலேயே நடந்தன.

பலதார மணத்துக்கு ஆணாசையைக் காரணம் சொல்வதுண்டு. அது பாதி உண்மைதான். மீதிப் பாதி நிலம். இல்லத்துச் சொத்து சிதறாமல் இருக்க மூத்த மகன் மட்டுமே சொந்தச் சாதியில் மணம் செய்யலாம் என்பது நம்பூதிரிகளின் விதி. தம்பிமார் நாயர், அம்பலவாசி (கோயில் பணிச் சாதி), க்ஷத்திரியப் பெண்களோடு ‘சம்பந்தம்’ என்னும் உறவு வைத்துக்கொண்டனர். அந்த உறவில் பிறந்த பிள்ளைகள் தாய்வழித் தரவாட்டை (கூட்டுக்குடும்பத்தை) சேர்ந்தவர்கள் என்பதால் இல்லத்துச் சொத்தில் அவர்களுக்கு உரிமையில்லை. ஏற்பாடு ஆண்களுக்குக் கச்சிதமாகப் பொருந்தியது. ஆனால் ஒரு வீட்டில் நான்கு மகன்கள் இருந்தால் மாப்பிள்ளை ஒருவர்தான். நான்கு பெண்கள் இருந்தாலோ நால்வருக்கும் மாப்பிள்ளை வேண்டும். மூத்தவர் பல பெண்களை மணந்தும் கணக்குச் சரியாகவில்லை. கன்னியாகவே முதுமை அடைந்து இறந்த பெண்கள் ஏராளம்.

வரதட்சணை கனமாக இருந்தது. அதைத் தவிர்க்க ‘மாற்றக் கல்யாணம்’ வந்தது: என் வீட்டுப் பெண்ணை நீ எடு, உன் வீட்டுப் பெண்ணை நான் எடுக்கிறேன். கேட்கச் சமமான ஒப்பந்தம்தான். ஆனால் மகளைக் கட்டிக்கொடுக்கும் கிழத் தகப்பன், அதற்கு ஈடாக மருமகனின் இளம் தங்கையைத் தனக்கே இன்னொரு மனைவியாக்கிக்கொள்ளவும் அது வழிவிட்டது. அப்படி வந்தவளுக்குச் சக்களத்தி தாய் வயதில் இருப்பாள்; மூத்தாளின் பிள்ளைகள் அவளைவிடப் பெரியவர்களாக இருப்பார்கள். கணவர் கண்ணை மூடினால் ஒரே நாளில் மூன்று நான்கு பேர் விதவையானார்கள். தமிழ்ப் பிராமண விதவைகளுக்கு இருந்ததுபோல் இவர்களுக்குத் தலை மழிக்கும் வழக்கம் இல்லை. மறுமணம் மட்டும் அங்கும் இல்லை, இங்கும் இல்லை.

பெண் பருவமடைந்ததும் படிப்பு நின்றுவிடும். அதன்பின் நாலுகெட்டு வீட்டின் உள்முற்றமும் அடுக்களையும் குளமும்தான் அவள் உலகம். பட்டும் பொன்வளையும் கூடாது; வெள்ளை வேட்டியும் வெண்கல வளையும் கழுத்தில் சிறுதாலியும். கோயிலுக்கோ பிறந்த வீட்டுக்கோ போக நேர்ந்தால், கழுத்திலிருந்து கணுக்கால் வரை ‘புதைப்பு’ என்னும் துணியைப் போர்த்திக்கொண்டு, பனையோலையால் முடைந்த மறைக்குடையை முகம் தெரியாதபடி சாய்த்துப் பிடித்து நடக்க வேண்டும். முன்னே ஒரு நாயர் பணிப்பெண் குரல் கொடுத்தபடி வழியை ஒதுக்கிக்கொண்டு போவாள். குடைக்குக் கீழே தெரியும் இரண்டடி மண்பாதைதான் அவள் பார்த்த ஊர்.

பாலக்காட்டிலேயே கல்பாத்தி போன்ற அக்ரகாரங்களில் வாழ்ந்த தமிழ்ப் பிராமணர்களிடம் இந்த அமைப்பு இல்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அங்கு அண்ணன் தம்பி எல்லோரும் தம் சாதியிலேயே மணந்தார்கள். சொத்தும் பாகப்பிரிவினை ஆனது. இரு சாராரும் வேதம் ஓதியவர்கள்தாம். ஆகவே பலதார மணத்துக்குச் சாஸ்திரத்தைவிடச் சொத்து முறையே காரணம் என்பதற்கு இதைவிடப் பக்கத்துச் சான்று வேண்டியதில்லை.

நம்பூதிரிகளின் வழக்கத்தை அமெரிக்காவின் மார்மன் சபையினரோடு ஒப்பிடலாம். அங்கு ஜோசப் ஸ்மித் தொடங்கிவைத்து, 1843-இல் இறைவெளிப்பாடு என்று எழுதிவைத்த பன்மனைவி மணம் 1852-இல் யூட்டாவில் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது. அரசின் நெருக்கடியால் 1890-இல் சபை அதைக் கைவிட்டது. யூட்டாப் பெண்களுக்கு 1870-இலேயே வாக்குரிமை கிடைத்தது. 1872-இல் தொடங்கிய பெண்கள் பத்திரிகை ஒன்றில் அவர்களில் பலர் பன்மனைவி மணத்தை ஆதரித்தே எழுதினார்கள். அந்தர்ஜனங்களுக்கு வாக்கும் இல்லை, பத்திரிகையும் இல்லை. அவர்கள் முதன்முதலில் பொது இடத்தில் வாய் திறந்தபோது பேசியது அந்த வழக்கத்தை எதிர்த்துத்தான்.

அதற்கு முன்பு ஒரு பெண் வேறுவிதமாகப் பேசியிருந்தாள். நம்பூதிரிப் பெண்ணின் கற்பில் ஐயம் எழுந்தால் ‘ஸ்மார்த்த விசாரம்’ நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவளை ‘சாதனம்’ என்பார்கள், அதாவது பொருள். அவளைத் தனியறையில் அடைத்துவிடுவார்கள். விசாரணை நடத்தும் ஸ்மார்த்தன் வெளியே நின்று, முகம் பாராமல், கேள்வி கேட்பார். அரசரின் பிரதிநிதி பேசாமல் உடனிருப்பார். கேள்வி முறை தவறினால் தோளிலுள்ள துணியைக் கீழே போடுவார், விசாரணை நிற்கும். குற்றம் உறுதியானால் உயிரோடிருக்கும்போதே அவளுக்கு ஈமச்சடங்கு செய்து வெளியேற்றுவார்கள். 1905-இல் கொச்சி சமஸ்தானத்தில் முடிந்த விசாரணையில் குறியேடத்து தாத்ரி தன்னோடு உறவு கொண்ட ஆண்களின் பெயர்களையும் உடல் அடையாளங்களையும் ஒவ்வொன்றாகச் சொன்னார். நம்பூதிரிகள், ஐயர்கள், நாயர்கள், கலைஞர்கள் என அறுபதுக்கு மேற்பட்டவர்கள் சாதிவிலக்கு ஆனார்கள். கதகளி நடிகர் காவுங்கல் சங்கரப் பணிக்கர் அவர்களில் ஒருவர். தாத்ரியைச் சிலர் வஞ்சம் தீர்த்தவர் என்கிறார்கள், சிலர் புரட்சிக்காரி என்கிறார்கள். எப்படிச் சொன்னாலும், பூட்டிய அறையிலிருந்து வந்த ஒரு குரல் சமூகத்தின் பெரிய மனிதர்களைக் கலங்கடித்தது.

1908-இல் தொடங்கிய நம்பூதிரி யோகக்ஷேம சபை முதலில் கல்வி, சொத்து பற்றியே பேசியது. இளைஞர்கள் வந்தபின் வேகம் கூடியது. வி.டி. பட்டதிரிப்பாட்டின் ‘அடுக்களயில் நின்னு அரங்கத்தேக்கு’ (சமையலறையிலிருந்து அரங்கத்துக்கு) என்ற நாடகம் 1929-இல் திருச்சூரை அடுத்த எடக்குன்னியில் மேடையேறியது. வயதானவருக்கு இன்னொரு மனைவியாகத் தள்ளப்படும் தேத்தி என்ற பெண்ணின் கதை அது. பார்வதி நென்மினிமங்கலம், ஆர்யா பள்ளம் போன்ற பெண்கள் மறைக்குடையை எறிந்துவிட்டுக் கூட்டங்களுக்கு வந்தது அடுத்த சில ஆண்டுகளில். நாடகத்தைப் பற்றி எழுதும் அளவுக்கு இந்தப் பெண்களைப் பற்றி எழுதியவர்கள் குறைவு, அது நியாயமில்லை.

வி.டி. வாழ்ந்த மேழத்தூர் பாலக்காடு மாவட்டத்தின் திருத்தாலைக்கு அருகே உள்ளது. தொண்ணூற்றொன்பது யாகம் செய்தவர் என்று ஐதீகம் போற்றும் அக்னிஹோத்ரியின் ஊர் அது. அங்கே, வி.டி.யின் இல்லமான ரசிகசதனத்தில், 1934-இல் முதல் நம்பூதிரி விதவை மறுமணம் நடந்தது. மணமகள் வி.டி.யின் மனைவியின் தங்கை உமா அந்தர்ஜனம். மணமகன் எழுத்தாளர் எம்.ஆர். பட்டதிரிப்பாடு. கலந்துகொண்டவர்களுக்குச் சாதிவிலக்கு விதிக்கப்பட்டது. மணமகனின் தம்பி பிரேம்ஜியும் பின்னர் ஒரு விதவையை மணந்தார்.

சட்டம் மூன்று திசையிலிருந்து, வெவ்வேறு காலத்தில் வந்தது. இன்றைய கேரளத்தின் பகுதிகள் அன்று மூன்று ஆட்சிகளின் கீழ் இருந்தன. பாலக்காடு, ஒற்றப்பாலம் ஆகியவை சென்னை மாகாணத்து மலபாரில். தமிழர் மிகுந்த சித்தூர் கொச்சியில். இன்று இடுக்கியில் உள்ள தொடுபுழை திருவிதாங்கூரில். திருவிதாங்கூரின் மலையாள பிராமணர் சட்டம் கொல்லம் ஆண்டு 1106-இல் (1930–31) வந்தது. மலபாருக்கான சென்னை நம்பூதிரிச் சட்டம் 1933-இல் நடைமுறைக்கு வந்தது. கொச்சிச் சட்டம் 1114 வரை (1938–39) காத்திருந்தது. ஒற்றப்பாலத்தில் தடுக்கப்பட்ட மணம் சித்தூரில் சில ஆண்டுகள் செல்லுபடியாகியிருக்கும்.

சென்னைச் சட்டம் எல்லா நம்பூதிரி ஆண்களுக்கும் சொந்தச் சாதியில் மணம் செய்யும் உரிமையைத் தந்தது. மனைவி உயிரோடிருக்க இன்னொரு நம்பூதிரிப் பெண்ணை மணப்பதை மூன்று விலக்குகளுடன் தடுத்தது: மனைவிக்கு ஐந்தாண்டுக்கு மேல் தீராத நோய், மணமாகிப் பத்தாண்டாகியும் பிள்ளையின்மை, அல்லது சாதிவிலக்கு. மூன்றுமே பெண்ணின் குறையாக எண்ணப்பட்டவை; ஆணுக்குப் பிள்ளைப்பேறு இல்லாவிட்டால் அவள் என்ன செய்வாள் என்று சட்டம் கேட்கவில்லை. விலக்கு ஏதுமின்றி இருதார மணத்தைத் தடுத்தது 1949-இன் சென்னை மாகாணச் சட்டம். அதை நாடு முழுவதற்கும் ஆக்கியது 1955-இன் இந்து திருமணச் சட்டம்.

இதற்கிடையே ஒற்றப்பாலத்துக்கு அருகிலுள்ள லக்கிடியில் அந்தர்ஜனங்கள் தாங்களே ஒரு தொழில் மையத்தை நடத்தினார்கள். வீட்டைவிட்டு வந்த பெண்கள் அங்கே ஒன்றாகத் தங்கிக் கைத்தொழில் செய்து சம்பாதித்தார்கள். 1948-இல் அவர்கள் கூட்டாக எழுதித் தாங்களே நடித்த நாடகம் ‘தொழில்கேந்திரத்திலேக்கு’. இல்லத்தை விட்டு வெளியேறும் பெண் தொழில் மையத்துக்கு வருவதே கதை. வி.டி.யின் தேத்தியை ஓர் இளைஞன் காப்பாற்ற வேண்டியிருந்தது. லக்கிடி நாடகத்தின் பெண் தன் காலில் நடந்து வந்தாள். இருபது ஆண்டில் நேர்ந்த இந்த மாற்றம், என் மதிப்பில், சட்டப் பிரிவுகளைவிடப் பெரியது.

அந்த உலகின் உட்புறம் பின்னர் இலக்கியத்தில் பதிவானது. லலிதாம்பிகா அந்தர்ஜனம் (1909–1987) தாத்ரியைப் பற்றிச் சிறுகதை எழுதினார். அவருடைய ‘அக்னிசாட்சி’ நாவல் 1976-இல் வெளிவந்தது. தேவகி நிலயங்கோடு (1928–2023) எழுபது வயதுக்கு மேல் எழுதத் தொடங்கி, தன் நினைவுகளை 2003-இல் நூலாக்கினார். மூத்த மகனின் தனி மணவுரிமையைத் தாங்கி நின்ற கூட்டுக்குடும்பச் சொத்து முறை, 1976 டிசம்பர் 1-இல் நடைமுறைக்கு வந்த கேரள இந்துக் கூட்டுக்குடும்ப ஒழிப்புச் சட்டத்தால் முடிவுக்கு வந்தது.