குதிரையும் பழைய காரும்: விற்பவரின் மௌனத்திற்கு ஒரு சட்ட வரலாறு

1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 17ஆம் பிரிவில் வஞ்சகம் எது என்பதை வரையறுத்தபின், விளக்கத்திற்காக ஒரு குதிரையைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. குதிரையிடம் குறை உண்டு. விற்பவர் அதை அறிவார். ஏலத்தில் விற்கும்போது அதைப் பற்றி அவர் வாய் திறப்பதில்லை. இது வஞ்சகம் அன்று என்கிறது சட்டம். அடுத்த எடுத்துக்காட்டில், வாங்குபவர் விற்பவரின் மகள். அப்போதுதான் உரிய வயதை எட்டியவர். அந்த உறவின் காரணமாகக் குறையைச் சொல்லும் கடமை விற்பவருக்கு எழுகிறது. மூன்றாவது எடுத்துக்காட்டில் வாங்குபவர், ‘நீங்கள் மறுக்காவிட்டால் குதிரை குறையற்றது என்றே கொள்வேன்’ என்ற பொருள்படக் கூறுகிறார். விற்பவர் பேசாதிருக்கிறார். அந்த மௌனம் பேச்சுக்கு நிகரானது என்கிறது சட்டம்.

இன்று அந்தக் குதிரையின் இடத்தில் பழைய கார் நிற்கிறது. வாங்கியபின் பழுது வெளிப்பட்ட காருக்கு வாங்கியவரின் உரிமை என்ன என்ற கேள்வி நுகர்வோர் சட்டத்தின் கேள்வியாகவே பொதுவாகப் பேசப்படுகிறது. அதன் வேர் இன்னும் ஆழமானது. விற்பவரின் மௌனத்திற்குச் சட்டம் எப்போது பொருள் கொடுத்தது, எப்போது கொடுக்க மறுத்தது என்பதே இதன் வரலாறு.

‘மௌனம் சம்மதம்’ என்பது வழக்கு. சந்தையில் அது செல்லாது. தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்ற பழமொழிக்குள் மறைந்திருக்கும் மறுபாதி, காசு கொடுத்து வாங்கும் மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்த்தே தீர வேண்டும் என்பதுதான். சுழி பார்ப்பதும் நடக்கவிட்டுப் பார்ப்பதும் வாங்குபவரின் வேலை. ‘வாங்குபவரே எச்சரிக்கை’ என்ற ஆங்கிலேயப் பொதுச் சட்டத்தின் கொள்கை சொன்னதும் ஏறத்தாழ இதையே. ஆனால் மாட்டின் வயதைப் பல் சொல்லிவிடும். வெள்ளத்தில் மூழ்கி, கழுவி உலர்த்தப்பட்ட காரின் மின்கம்பிகளுக்குள் பரவும் அரிப்பையோ, பின்னோக்கித் திருப்பப்பட்ட கிலோமீட்டர் கணக்கையோ கண்ணால் பார்த்துக் கண்டுபிடிப்பது அரிது. பொருளின் உட்கூறு சிக்கலாகும்போது, பார்வையின் மேல் கட்டப்பட்ட கொள்கை ஆட்டம் காண்கிறது.

1930இல் வந்த சரக்கு விற்பனைச் சட்டம், 1893ஆம் ஆண்டின் ஆங்கிலேயச் சட்டத்தைப் பெரிதும் பின்பற்றியது. அதன் 16ஆம் பிரிவும் வாங்குபவரின் எச்சரிக்கையையே பொதுவிதியாக வைத்து, சில விலக்குகளை அளிக்கிறது. அவ்வகைப் பொருளை விற்பதையே தொழிலாகக் கொண்டவரிடம், இன்ன பயனுக்கு என்று தெரிவித்து, அவருடைய திறமையை நம்பி வாங்கினால், பொருள் அப்பயனுக்குத் தக்கதாக இருக்கவேண்டும் என்ற நிபந்தனை, எழுதப்படாமலேயே ஒப்பந்தத்தில் அடங்கும். விவரிப்பை நம்பி வணிகரிடம் வாங்கிய பொருள் விற்பனைக்கு உகந்த தரத்தில் இருக்கவேண்டும். வாங்குபவர் பொருளைச் சோதித்துப் பார்த்திருந்தால், அச்சோதனையில் தெரிந்திருக்கவேண்டிய குறைகளுக்கு இந்த இரண்டாவது பாதுகாப்பு இல்லை.

இங்கே ஒரு சொல்லின் இரட்டை வாழ்வு கவனிக்கத்தக்கது. அதே சட்டத்தின் 12ஆம் பிரிவு ‘கண்டிஷன்’ என்பதையும் ‘வாரண்டி’ என்பதையும் வேறுபடுத்துகிறது. முன்னது ஒப்பந்தத்தின் அடிப்படை நிபந்தனை. அது மீறப்பட்டால் ஒப்பந்தத்தையே முறித்துக்கொள்ளலாம். பின்னது துணை உறுதிமொழி; மீறப்பட்டால் இழப்பீடு மட்டுமே. தமிழ்ப் பேச்சு வழக்கிலோ ‘வண்டி நல்ல கண்டிஷன்’ என்றால் அது வண்டியின் நிலை. நீதிமன்றத்தில் மிக வலுவான கடப்பாட்டைக் குறிக்கும் சொல், கடைத்தெருவில் எதற்கும் கட்டுப்படாத புகழ்ச்சியாகிவிடுகிறது.

வெறும் புகழ்ச்சி எது, பிணைக்கும் உறுதிமொழி எது என்பதைப் பிரிக்க ஆங்கிலேய நீதிமன்றங்கள் பழைய கார் வழக்குகளிலேயே பெரிதும் முயன்றன. 1957ஆம் ஆண்டின் ஆஸ்கர் செஸ் வழக்கில், தனிமனிதர் ஒருவர் பதிவேட்டை நம்பித் தம் மோரிஸ் காரை 1948ஆம் ஆண்டினது என்று வாகன வணிகரிடம் கூறினார். அது 1939ஆம் ஆண்டின் கார். அவர் சொன்னது உறுதிமொழி ஆகாது என்று தீர்ப்பானது; உண்மையை அறியும் வாய்ப்பு அவரைவிட வணிகருக்கே அதிகம். 1965இல் டிக் பென்ட்லி வழக்கில் நிலை தலைகீழ். புதிய எஞ்சின் பொருத்தியபின் கார் 20,000 மைல்தான் ஓடியது என்று சொன்னவர் வணிகர். உண்மையில் அது ஏறத்தாழ 1,00,000 மைல் ஓடியிருந்தது. அவர் சொல் அவரைப் பிணைத்தது. இரண்டிலும் சொல்லப்பட்டது பொய்யான தகவலே. தீர்ப்பு வேறுபட்டதற்கு முக்கியக் காரணம், சொன்னவர் யார், அவருக்கு எவ்வளவு தெரிந்திருக்க முடியும் என்பதே.

வணிகர் விற்ற கார் என்பதால் மட்டும் எல்லாப் பழுதுக்கும் அவர் பொறுப்பாவதில்லை. 1965இன் பார்ட்லெட் வழக்கில், கிளட்சில் சிறு வேலை இருப்பதாக முன்கூட்டியே சொல்லி விற்கப்பட்ட பழைய ஜாகுவாருக்கு எதிர்பார்த்ததைவிட அதிகம் செலவானது. வாங்கியவர் தோற்றார். பழைய காரில் குறைகள் எப்போதாவது தலைகாட்டும் என்பதை வாங்குபவர் உணர்ந்திருக்கவேண்டும் என்றது நீதிமன்றம். பத்தாண்டுகள் கழித்து க்ரௌதர் வழக்கில், 82,000 மைலுக்கு மேல் ஓடிய மற்றொரு பழைய ஜாகுவாரின் எஞ்சின் வாங்கிய மூன்றே வாரங்களில் செயலிழந்தது, வாங்கியவர் வென்றார். தேய்மானம் என்பது பழைமையின் விலை. பயணத்திற்கே உதவாத வண்டியைப் பழைமையின் பெயரால் நியாயப்படுத்த முடியாது.

இதே காலத்தில் பொருளியலும் மௌனத்தின் விலையைக் கணக்கிட்டது. ஜார்ஜ் ஏக்கர்லாஃப் 1970இல் வெளியிட்ட கட்டுரை பழைய கார்ச் சந்தையை முன்மாதிரியாகக் கொண்டது. நல்ல வண்டி எது, கெட்டது எது என்பது விற்பவருக்கு மட்டுமே தெரிந்தால், வாங்குபவர் சராசரி விலைக்கு மேல் தரமாட்டார். நல்ல வண்டி வைத்திருப்பவர் அந்த விலைக்கு விற்கமாட்டார். சந்தையில் கெட்டவையே எஞ்சும். 1967-68இல் தில்லியில் இருந்த ஏக்கர்லாஃப், அரிசியில் வேண்டுமென்றே கலக்கப்பட்ட கல்லைப் பொறுக்கும் இந்தியப் பெண்களையும் அதே கட்டுரையில் எடுத்துக்காட்டினார். அப்படியானால் மௌனம் ஏமாந்த ஒருவரோடு நிற்பதில்லை. நேர்மையாக விற்க நினைப்பவரையும் சந்தையிலிருந்து வெளியேற்றுகிறது. மொழியியலில் பால் கிரைஸ் 1967இல் ஆற்றிய உரைகளில், உரையாடலுக்குத் தேவையான அளவு தகவலைப் பேசுபவர் தருவார் என்ற எதிர்பார்ப்பை ஒரு நெறியாக வகுத்தார். குதிரை எடுத்துக்காட்டு அந்த எதிர்பார்ப்பைச் சந்தையின் வாசலிலேயே நிறுத்திவிடுகிறது. மகளுக்கு மட்டும் உள்ளே அனுமதி.

இந்தச் சட்டங்கள் கரமனைக்கு வந்த வழி சற்றே நீளமானது. திருவிதாங்கூர் பிரிட்டிஷ் இந்தியாவின் பகுதியன்று. 1951ஆம் ஆண்டின் ‘பி’ பகுதி மாநிலங்கள் சட்டத்தின் மூலமே ஒப்பந்தச் சட்டமும் சரக்கு விற்பனைச் சட்டமும் திருவிதாங்கூர்–கொச்சிக்கு நீட்டிக்கப்பட்டன. அடுத்த மாற்றம் எல்லைக்கோடு. கரமனைப் பாலத்தைக் கடந்து தெற்கே செல்லும் சாலை நேமம், பாலராமபுரம், நெய்யாற்றின்கரை, பாறசாலை வழியாகக் களியக்காவிளையை அடைந்து, மார்த்தாண்டம், நாகர்கோவில் என்று நீள்கிறது. 1956 நவம்பர் 1 முதல் அச்சாலை இரண்டு மாநிலங்களுக்குரியது. அக்கிரகாரத் தெருக்களில் தமிழ் ஒலிக்கும் கரமனைக்கு நாகர்கோவில் உறவினர் ஊர். மோட்டார் வாகனச் சட்டத்திற்கு அது வேறு மாநிலம். அங்கே பதிவான காரை இங்கே நிலையாக வைத்துக்கொள்ளத் தடையில்லாச் சான்றும் புதிய பதிவெண்ணும் வேண்டும்.

எல்லை வழக்கையும் பாதித்தது. 1986 டிசம்பர் 24இல் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்றது. உரிமையியல் நீதிமன்றத்தின் நீண்ட நடைமுறைக்கு மாற்றாக, வழக்கறிஞர் இல்லாமலும் அணுகத்தக்க மன்றங்கள் உருவாயின. ஆனால் அதன் 11ஆம் பிரிவின்படி, எதிர்த்தரப்பினர் வசிக்கும் அல்லது தொழில் செய்யும் இடத்திலோ, வழக்குக்கான காரணம் எழுந்த இடத்திலோதான் முறையிட முடியும். நாகர்கோவிலில் காரை வாங்கிய கரமனைக்காரர் பெரும்பாலும் நாகர்கோவிலுக்கே போகவேண்டும். 2020 ஜூலை 20 முதல் நடைமுறைக்கு வந்த 2019ஆம் ஆண்டின் சட்டம், 34ஆம் பிரிவில், முறையீட்டாளர் வசிக்கும் இடத்தையும் சேர்த்தது. இப்போது அவர் வழுதக்காட்டில் உள்ள மாவட்ட ஆணையத்தையே அணுகலாம். காலவரம்பு இரண்டு ஆண்டுகள். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணமும் இல்லை.

மௌனத்தைப் பொறுத்தவரை 2019ஆம் ஆண்டின் சட்டம் பாதி வழியே வந்திருக்கிறது. தொடர்புடைய தகவலை வேண்டுமென்றே மறைப்பதைக் ‘குறைபாடு’ என்று 2(11)ஆம் பிரிவு பெயரிட்டுச் சொல்கிறது. ஆனால் அது சேவையின் குறைபாடு. காரைச் சோதித்து அறிக்கை தரும் இடைநிலை நிறுவனம் அந்த வரையறைக்குள் எளிதில் வரும். காரை மட்டும் விற்றவருக்கு அது அப்படியே பொருந்தாது. பழைய பொருளைப் புதியது என்று பொய்யாகக் காட்டுவது முறையற்ற வணிக நடைமுறை. பழையது என்று சொல்லியே, அதன் பழுதைச் சொல்லாமல் விற்பவரை இந்த விதி தொடுவதில்லை. தம் ஒரே காரை விற்கும் தனிமனிதர் ‘வணிகர்’ அல்லர் என்று வாதிடவும் இடமுண்டு; அப்போது 1872இன் குதிரையிடமே திரும்பவேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல் பழைய வாகன வணிகர்கள் போக்குவரத்துத் துறையின் அங்கீகாரம் பெறவேண்டும் என்ற விதி வந்தது. அதன் கவனம் உரிமை மாற்றத்திலும் பொறுப்பிலுமே இருக்கிறது.

பேசவைக்கும் முயற்சி பிற நாடுகளிலும் எளிதாக வெல்லவில்லை. அமெரிக்க மத்திய வணிக ஆணையம் 1981இல், விற்பவர் தாம் அறிந்த குறைகளைக் கார்க் கண்ணாடியில் ஒட்டும் தாளில் எழுதவேண்டும் என்று விதித்தது. 1982இல் நாடாளுமன்றம் அதை நிராகரித்தது. 1984இல் வெளியான இறுதி விதியில் தாள் இருந்தது. அறிந்த குறைகளை எழுதும் கடமை இல்லை. பிரிட்டன் வேறு வழியில் சென்றது. 2015ஆம் ஆண்டின் சட்டப்படி, வணிகரிடம் வாங்கிய பழைய பொருளில்கூட ஆறு மாதத்திற்குள் குறை வெளிப்பட்டால், மாறாக நிறுவப்படும்வரை, அது விற்ற நாளிலேயே இருந்ததாகப் பொதுவாகக் கொள்ளப்படும். பேசாதவரைப் பேசும்படி அச்சட்டம் கட்டாயப்படுத்தவில்லை. மெய்ப்பிக்கும் சுமையை அவர் தோளுக்கு மாற்றியது. இந்தியச் சட்டத்தில் அத்தகைய அனுமானம் இல்லாததால், விற்ற நாளிலேயே குறை இருந்தது என்று காட்டும் பொறுப்பு பெரும்பாலும் வாங்கியவருக்கே. ஆய்வகச் சோதனைக்கு ஆணையம் உத்தரவிடலாம். அதற்கான கட்டணத்தையும் முறையிட்டவரே செலுத்தவேண்டும்.

எனவே இன்றும் மிகுந்த பயன் தருவது 17ஆம் பிரிவின் மூன்றாவது எடுத்துக்காட்டுதான். ‘இந்த வண்டி வெள்ளத்தில் மூழ்கவில்லை, விபத்தில் சிக்கவில்லை, கிலோமீட்டர் கணக்கு மாற்றப்படவில்லை என்று நம்பியே வாங்குகிறேன், இல்லையென்றால் சொல்லுங்கள்’ என்று பணம் கைமாறுமுன் எழுத்தில் அனுப்பிய ஒரு செய்தி, அதன்பின் வரும் மௌனத்தைப் பேச்சாக்கும் வலிமை கொண்டது. கேட்கத் தெரிந்தவருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு. சேமிப்பு முழுவதையும் கொடுத்து முதல் காரை வாங்கும் குடும்பத்திற்கு இந்தக் கேள்வி தோன்றாமல் போகலாம். மகளுக்குச் சொல்லவேண்டியதை முன்பின் அறியாதவருக்கும் சொல்லவேண்டும் என்று சட்டம் எழுதாதவரை, ஏலக் களத்தில் அந்தக் குதிரை நின்றுகொண்டுதான் இருக்கும்.