மாணவரும் சுற்றறிக்கையும்

இந்தியாவில் மாணவர் நாட்டு அரசியலைப் பற்றி எதைப் பேசலாம், எந்தக் கூட்டத்துக்குப் போகலாம், சட்டையில் எதைக் குத்திக்கொள்ளலாம் என்பவற்றை வரையறுக்க முயன்ற ஆணைகளில் மிகப் பல சட்டமன்றத்தில் விவாதித்து நிறைவேற்றிய சட்டங்கள் அல்ல, சுற்றறிக்கைகளே. சுற்றறிக்கை என்பது மேலிடத்து அதிகாரி தமக்குக் கீழுள்ள அலுவலர் அனைவருக்கும் ஒரே வாசகத்தில் அனுப்பும் கடிதம். பெயரளவில் அது அலுவலருக்கு எழுதப்படுவது என்றாலும், அதன் விளைவைச் சுமப்பவன் அக்கடிதத்தைக் கண்ணால்கூடப் பார்த்திராத பள்ளிப் பையனாக இருக்கக்கூடும். 1870இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் சேர்க்கப்பட்டுப் பின்னர் 124ஏ பிரிவாக அறியப்பட்ட இராஜத்துரோகக் குற்றத்தைச் சாட்ட வேண்டுமானால் நீதிமன்றம் வேண்டியிருந்தது, சாட்சி வேண்டியிருந்தது, எதிர்த்தரப்பு வக்கீலின் குறுக்கு விசாரணையைத் தாங்கி நிற்க வேண்டியிருந்தது. சுற்றறிக்கைக்கு இவற்றில் எதுவும் தேவைப்படவில்லை.

அதற்கு இத்தனை வலிமை வந்தது கல்வித்துறையின் பண ஏற்பாட்டிலிருந்து. 1854ஆம் ஆண்டின் உட் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் வழங்கும் முறைக்கு வழிவகுத்தது. 1857இல் கல்கத்தா, பம்பாய், சென்னை ஆகிய மூன்று நகரங்களிலும் பல்கலைக்கழகங்கள் தோன்றியபின், அவற்றின் அங்கீகாரம் பெற்ற பள்ளிகளே தம் மாணவரை நுழைவுத் தேர்வுக்கு அனுப்ப முடியும் என்ற நிலை உருவாயிற்று. கர்சன் பிரபு காலத்தில், 1904இல் வந்த பல்கலைக்கழகச் சட்டம் இந்தப் பிடியை மேலும் இறுக்கியது. தேர்வு எழுதாதவனுக்கு அரசு அலுவலகத்தில் குமாஸ்தா வேலைகூடக் கிடைக்காது. ஆகவே மாணவனின் வாயை அடைக்க விரும்பிய அரசு அவன் பள்ளியின் மானியத்தில் கைவைப்பதாகச் சொன்னால் போதுமானதாக இருந்தது. மீதியைத் தலைமையாசிரியர் பார்த்துக்கொண்டார்.

இந்த வழிமுறையின் முழு உருவம் 1905 அக்டோபர் 10 தேதியிட்ட கார்லைல் சுற்றறிக்கையில் வெளிப்பட்டது. வங்காளப் பிரிவினை நடைமுறைக்கு வர ஆறு நாட்களே இருந்த வேளையில், வங்காள அரசின் தலைமைச் செயலர் பொறுப்பிலிருந்த ஆர். டபிள்யூ. கார்லைல் மாவட்ட மாஜிஸ்திரேட்டுகளுக்கு அதை அனுப்பினார். அந்நியத் துணிக்கடைகளின் முன் மறியல் செய்வதிலும் சுதேசி இயக்கத்தின் பிற செயல்களிலும் மாணவர் ஈடுபடுவதைத் தடுக்கத் தவறும் பள்ளி, கல்லூரிகளின் மானியம் நிறுத்தப்படும், அவற்றின் மாணவர் உதவித்தொகைத் தேர்வுகளில் போட்டியிடும் உரிமையை இழப்பர், அங்கீகாரத்தை விலக்கிக்கொள்ளும்படி பல்கலைக்கழகமும் கேட்டுக்கொள்ளப்படும் என்பது அதன் சாரம். தம்மால் மாணவரைக் கட்டுப்படுத்த முடியவில்லை என்று கைவிரிக்கும் ஆசிரியர், அடங்காத பையன்களின் பெயர்ப்பட்டியலைத் தர வேண்டும். இவை போதாவென்று, தேவைப்பட்டால் ஆசிரியர்களே ஸ்பெஷல் கான்ஸ்டபிள்களாக, அதாவது கலக காலத்தில் பொதுமக்களிலிருந்து தற்காலிகமாக நியமிக்கப்படும் காவலர்களாக, ஆக்கப்படலாம் என்ற எச்சரிக்கையும் இருந்தது. காலையில் வகுப்பில் இலக்கணம் சொல்லிக்கொடுத்தவர் மாலையில் கைத்தடியுடன் கடைத்தெருவில் நின்று அதே பையன்களை விரட்ட வேண்டும் என்று எதிர்பார்த்த அந்த வரியில், ஆசிரியத் தொழிலைப் பற்றி அரசு கொண்டிருந்த மதிப்பு ஒளிவுமறைவின்றித் தெரிகிறது.

விளைவு நேர்மாறாயிற்று. ரங்கபுரத்தில் சுதேசிக் கூட்டத்துக்குப் போன பள்ளி மாணவர்களுக்குத் தலைக்கு 5 ரூபாய் அபராதம் விதிக்கப்பட்டபோது, அதைக் கட்ட மறுத்தவர்களுக்கென நவம்பர் மாதத்திலேயே அங்கு ஒரு தேசியப் பள்ளி தொடங்கப்பட்டது. கல்கத்தாவில் அதே மாதம், ஓர் அரசாணையின் பெயரையே எதிர்மறையாகச் சூட்டிக்கொண்டு, ‘சுற்றறிக்கை எதிர்ப்புச் சங்கம்’ எழுந்தது. மறியலும் சுதேசித் துணி விற்பனையும் அதன் வேலைகளாயின. 1906இல் அமைந்த தேசியக் கல்விக் கழகமும், அரவிந்தரை முதல்வராகக் கொண்ட வங்காள தேசியக் கல்லூரியும் இந்த எதிர்ப்பின் தொடர்ச்சியே. இன்றைய யாதவ்பூர் பல்கலைக்கழகம் அந்த வழியில் வந்தது.

பிரிவினையால் உருவான கிழக்கு வங்காள மாகாணத்தின் துணைநிலை ஆளுநர் பாம்ஃபில்ட் ஃபுல்லரோ இந்த ஆயுதத்தை ஓங்கித் தம் பதவியையே இழந்தார். சிராஜ்கஞ்சில் இரண்டு பள்ளிகளின் மாணவர் கட்டுமீறி நடந்ததாகக் கூறி, அவற்றின் அங்கீகாரத்தை நீக்குமாறு அவர் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தைக் கேட்டுக்கொண்டார்; விவகாரம் பல்கலைக்கழக அவையில் வெடிப்பதை விரும்பாத வைஸ்ராய் மின்டோவின் அரசு அந்தக் கோரிக்கையைத் திரும்பப் பெறச் சொன்னது; இல்லையேல் விலகுவேன் என்று ஃபுல்லர் எழுதினார், 1906 ஆகஸ்டில் விலகல் ஏற்கப்பட்டது. ஓர் ஊரின் இரண்டு பள்ளிக்கூடங்களின் பொருட்டு ஒரு மாகாணத்தின் தலைவர் நாற்காலியை விட்டிறங்கிய நிகழ்ச்சி, இவ்வகை ஆணைகளின் வரலாற்றில் தனித்து நிற்பது.

ஆனால் ஆயுதம் கைவிடப்படவில்லை. 1907 மே மாதத்தில் இந்திய அரசின் உள்துறைச் செயலர் ஹெர்பர்ட் ரிஸ்லி, வங்காளத்தின் அனுபவத்தை நாடு முழுமைக்கும் விரித்து ஒரு சுற்றறிக்கை விடுத்தார். மூக்கின் அளவைக் கொண்டு சாதிகளை வரிசைப்படுத்த முயன்றவரும், 1901ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்தியவருமான அதே ரிஸ்லிதான் இவர். வகை பிரிக்கும் பழக்கம் இங்கும் அவரை விடவில்லை: பள்ளிச் சிறுவர் அரசியல் கூட்டங்களுக்கு அறவே போகக்கூடாது, கல்லூரி மாணவருக்கு ஓரளவு இடம் கொடுக்கலாம், ஆசிரியரோ தம் கருத்தை மாணவரிடம் பரப்பக்கூடாது என்று வயதுக்கும் பதவிக்கும் ஏற்பத் தடைகள் பிரிக்கப்பட்டன. மாணவன் கருத்தை உருவாக்கிக்கொள்ளும் பருவத்தில் இருப்பதால் அதை வெளியிடும் பருவம் அவனுக்கு இன்னும் வரவில்லை என்ற வாதம் அரசுக் காகிதத்தில் நிலைபெற்றது இப்போதுதான். பிற்காலத்தில் இதைக் கையாண்ட பலருக்கு இதன் பிறப்பிடம் தெரிந்திருக்குமா என்பது ஐயமே.

ரிஸ்லியின் கடிதம் வருவதற்குச் சில நாட்கள் முன்னரே சென்னை மாகாணத்தில் அதற்கான சூழல் முற்றியிருந்தது. 1907 ஏப்ரலில் சுதேசி இயக்கத் தலைவர் விபின் சந்திர பாலர் விசாகப்பட்டினம் தொடங்கிக் கடற்கரை மாவட்டங்கள் வழியாகச் சொற்பொழிவாற்றியபடி தெற்கே வந்தார். ராஜமுந்திரியில் அவருடைய ஆங்கிலப் பேச்சைச் சிலகமர்த்தி லட்சுமி நரசிம்மம் தெலுங்கில் எடுத்துரைத்தார். அவ்வூர் அரசுக் கல்லூரி மாணவர் சிலர் ‘வந்தே மாதரம்’ என்று பொறித்த பேட்ஜுகளைச் சட்டையில் குத்திக்கொண்டு வகுப்புக்கு வந்தனர். முழக்கமில்லை, மறியலில்லை, மார்பில் ஒரு சிறு வில்லை, அதில் இரண்டு சொற்கள், அவ்வளவே. முதல்வர் மார்க் ஹன்டர் பேட்ஜைக் கழற்றச் சொன்னார், மாணவர் இணங்கவில்லை, நடவடிக்கைகள் தொடர்ந்தன. மாணவர் தலைவராக முன்னின்ற காடிச்சர்ல ஹரிசர்வோத்தம ராவ் ‘ரஸ்டிகேட்’ செய்யப்பட்டார். இச்சொல்லுக்குக் கல்லூரி வழக்கில் பொருள், அந்தக் கல்லூரியிலிருந்து நீக்குவதோடு பிற கல்லூரிகளின் கதவையும் அடைத்துவிடுவது. பாலரின் பயணம் சென்னைக் கடற்கரையில் பெருங்கூட்டங்களைக் கண்டு, பஞ்சாபுத் தலைவர் லஜபதி ராய் நாடு கடத்தப்பட்ட செய்தி வந்ததும் முடிந்தது. ராவோ அடுத்த ஆண்டே பத்திரிகை ஆசிரியராகி, இராஜத்துரோக வழக்கில் சிறை சென்றார். பேட்ஜை நீக்கி அரசு பெற்றது ஒரு பத்திரிகையாளரை.

மாணவர் அரசியலைத் தடுக்க நினைத்தவர் வெள்ளை அதிகாரிகள் மட்டும் என்று கொள்வது பிழையாகும். இந்தியரே நடத்திய புனே ஃபெர்கூசன் கல்லூரி, அந்நியத் துணியை எரித்ததற்காக 1905இல் தன் மாணவரான சாவர்க்கருக்கு 10 ரூபாய் அபராதம் விதித்து விடுதியிலிருந்து வெளியேற்றியது. மிதவாதியான கோகலே 1909இல் பம்பாயில் மாணவரும் அரசியலும் என்ற பொருளில் உரையாற்றியபோது, பொதுப் பிரச்சினைகளைப் படிப்பது நன்று, கிளர்ச்சியில் இறங்குவது வேண்டாம் என்ற நிலையையே எடுத்தார். 1920இல் காந்தியடிகள் அரசுக் கல்லூரிகளை விட்டு வெளியே வருமாறு மாணவரை அழைத்தது இந்த எல்லைக்கோட்டை அழித்துவிட்டது. அழைப்பை ஏற்று வந்த தலைமுறையே 1947க்குப் பின் ஆட்சிக்கு வந்து, அரசியலை விட்டுப் படிப்பைக் கவனிக்கும்படி அடுத்த தலைமுறைக்கு அறிவுரை கூறியது.

அந்த அறிவுரைக்குத் தமிழ்நாடு 1965இல் மறுமொழி சொன்னது. சனவரி 26 முதல் இந்தி ஒன்றியத்தின் முதன்மை ஆட்சிமொழி ஆகவிருந்த நிலையை எதிர்த்து மாணவர் தெருவில் இறங்கினர், மறுநாள் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் மாணவர் இராசேந்திரன் இறந்தார், கல்லூரிகள் மூடப்பட்டன. அப்போது வாக்களிக்கும் வயது 21 என்பதால், போராடியவரில் பெரும்பாலோர் நாட்டின் மொழிக்கொள்கையைப் பற்றிக் கருத்து உடையவராயினும் வாக்குச்சீட்டு இல்லாதவர். இரண்டே ஆண்டுகளில், 1967 தேர்தலில், அந்த மாணவர் தலைவர்களுள் ஒருவரான பெ. சீனிவாசன் விருதுநகரில் காமராசரை 1,285 வாக்கு வேறுபாட்டில் தோற்கடித்தார். வாக்குரிமை வயது 18 ஆனது 1989இல்தான்.

சுற்றறிக்கையின் சட்ட மதிப்பு என்ன என்ற கேள்வி உச்ச நீதிமன்றத்தில் விடை பெற்றது 1986 ஆகஸ்டில். அவ்வழக்கு கூட்டத்தையோ முழக்கத்தையோ பற்றியதன்று, மௌனத்தைப் பற்றியது. கோட்டயம் மாவட்டப் பள்ளியொன்றில் படித்த மூன்று குழந்தைகள், தம் சமய நம்பிக்கை காரணமாக, நாட்டுப்பண் பாடும்போது மரியாதையுடன் எழுந்து நின்றார்களே தவிர வாய் திறந்து பாடவில்லை. முந்திய ஆண்டு பள்ளி அவர்களை நீக்கியிருந்தது. கேரளக் கல்வித்துறையின் சுற்றறிக்கைகளே அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டன. அரசமைப்பின் 19(1)(அ) பிரிவு தரும் பேச்சுரிமையைக் குறைக்க வேண்டுமானால், 19(2) பிரிவின்படி அது ‘சட்டத்தால்’ செய்யப்பட வேண்டும்; சட்டப் பின்புலமற்ற துறை ஆணைகள் சட்டமாகா என்று நீதிபதி சின்னப்ப ரெட்டி இடம்பெற்ற அமர்வு தீர்ப்பளித்தது. கார்லைலின் கடிதம் வெளிவந்து அப்போது ஏறத்தாழ 81 ஆண்டுகள் ஆகியிருந்தன.

ஆயினும் ஒழுங்குமுறை வேறு வழிகளில் நடந்துவருகிறது. முன்னாள் தலைமைத் தேர்தல் ஆணையர் லிங்டோ தலைமையிலான குழுவின் பரிந்துரைகளை உச்ச நீதிமன்றம் 2006இல் ஏற்று, மாணவர் பேரவைத் தேர்தலில் வேட்பாளர் 5,000 ரூபாய்க்கு மேல் செலவிடக்கூடாது, அச்சிட்ட சுவரொட்டி கூடாது, கையால் எழுதியதே ஒட்டப்படலாம், அரசியல் கட்சிகளின் தொடர்பு இருக்கலாகாது என்றெல்லாம் நெறிப்படுத்தியது. பேரவைத் தேர்தலே நடத்தாத கல்லூரிகளுக்கு இந்தக் கவலையும் இல்லை. அவற்றில் பல, சேர்க்கைப் படிவத்தின் கடைசிப் பக்கத்தில் ஓர் உறுதிமொழியை அச்சிட்டு வைத்திருக்கின்றன; வேலைநிறுத்தத்திலோ அரசியல் நடவடிக்கையிலோ கலந்துகொள்ள மாட்டேன் என்ற அந்த வாசகத்தின் கீழ், வாக்களிக்கும் வயதை எட்டிய மாணவர் கையொப்பமிட, அதற்கு அடுத்த கோட்டில் தகப்பனாரும் கையொப்பமிட வேண்டும்.