மக்காச்சோளம் கட்டிய ஊர்: லிந்தோசோவின் கோட்டையும் குதிர்களும் மலையும்

போர்த்துகலின் வடமேற்கு மூலையில், ஸ்பெயினின் கலீசியா எல்லையை ஒட்டி, லிமா ஆற்றின் தென்கரைச் சரிவில் இருக்கிறது லிந்தோசோ. பொந்தெ த பார்கா நகராட்சிக்கு உட்பட்ட ஒரு ஃப்ரெகெசியா அது. போர்த்துகலின் உள்ளாட்சியில் கடைசிப் படி ஃப்ரெகெசியா. கத்தோலிக்கத் திருச்சபையின் பங்குகள் நாளடைவில் அரசு நிர்வாகத்துக்கு மாறியதில் பிறந்த அமைப்பு என்பதால், ஊரும் கோவிலும் வயலும் மேய்ச்சல் மலையும் அதன் எல்லைக்குள் ஒன்றாகவே அடங்கியிருக்கும்.

இங்கே வருகிற பயணிக்குக் கையேடுகள் வழக்கமாக நான்கு இடங்களைக் காட்டும்: இடைக்காலக் கோட்டை, அதன் அடிவாரத்தில் நிற்கும் கருங்கல் தானியக் குதிர்கள், பெனேடா-ஜெரெஸ் தேசியப் பூங்காவின் மலைகள், லிமா ஆற்றின் அணை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஓர் ஆண்டும் இரண்டு வரிக் குறிப்பும் கொடுத்துவிட்டு நகர்ந்துவிடுவார்கள். அப்படிப் பார்ப்பதில் ஊரின் வரலாறு பெரும்பகுதி கண்ணிலிருந்து தப்பிவிடுகிறது. கோட்டை நீங்கலாக இங்கே நாம் பார்க்கப் போகிறவை பலவற்றை உருவாக்கியது, அல்லது உருமாற்றியது, அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பயிர். அந்தப் பயிரின் வருகையையும் ஏற்றத்தையும் இறக்கத்தையும் லிந்தோசோவின் கற்களில் தொடர முடியும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

எல்லைக் காவல்

மக்காச்சோளத்துக்கு முந்தியது கோட்டை. 13ஆம் நூற்றாண்டில் மூன்றாம் அஃபோன்சு அரசர் காலத்தில் எழுந்து, அவர் மகன் தினிஸ் காலத்தில் வலுப்படுத்தப்பட்டது. லிமா பள்ளத்தாக்கு கலீசியாவிலிருந்து போர்த்துகலுக்குள் இறங்கும் இயற்கையான வழி. அந்த வழியைக் கண்காணிக்கத்தான் உயரமான சதுரக் கோபுரமும் அதைச் சுற்றிய சிறிய மதிலும். 1640இல் போர்த்துகல் ஸ்பானிய முடியாட்சியிலிருந்து விடுபட்டதும் தொடங்கிய நெடும்போரில், பழைய மதிலுக்கு வெளியே நட்சத்திர வடிவில் பீரங்கிக் கொத்தளங்கள் எழுந்தன. 1662இல் ஸ்பானியப் படை கோட்டையைப் பிடித்தது. போர்த்துகீசியர் பிறகு மீட்டுக்கொண்டனர். உள்ளே நிமிர்ந்த இடைக்கால மதில், வெளியே தாழ்ந்து சாய்ந்த 17ஆம் நூற்றாண்டுக் கொத்தளம் என்று இரண்டு காலத்துப் போர்முறைகளும் சில அடி இடைவெளியில் இன்றும் தெரிகின்றன. 1910இல் கோட்டை தேசியச் சின்னமாக அறிவிக்கப்பட்டது.

இதே 17ஆம் நூற்றாண்டில்தான், கொத்தளம் எழுந்த அதே சரிவில், வேறொரு மாற்றமும் சத்தமில்லாமல் வேரூன்றிக்கொண்டிருந்தது. அதற்கு முன் இந்த மலைக்காரர்களின் உணவு ரை தானியம், தினை, பனிவரகு, காட்டில் பொறுக்கிய செஸ்ட்நட் கொட்டை. மண் மெலிந்தது, விளைச்சல் குறைவு. 16ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் போர்த்துகலுக்கு வந்த மக்காச்சோளம், அடுத்த நூற்றாண்டில் வடமேற்கின் மின்யோ மாகாணம் முழுவதும் பரவிப் பழைய தானியங்களைப் பின்னுக்குத் தள்ளியது. புவியியலாளர் ஒர்லாந்து ரிபெய்ரோ 1945இல் வெளியிட்ட தம் புகழ்பெற்ற நூலில், போர்த்துகலை மத்தியதரைக் கடல் முகமும் அட்லாண்டிக் முகமும் கொண்ட நாடாக விளக்கினார். வடமேற்கின் நிலத்தோற்றத்தையே மக்காச்சோளம் புரட்டிப்போட்டது என்ற கருத்தை நிலைநிறுத்தியவர்களில் அவர் முதன்மையானவர்.

புரட்டிப்போட்டது என்பது மிகை இல்லை. ரை குளிர்காலப் பயிர். வானம் பார்த்து விளையும். மக்காச்சோளம் கோடைப் பயிர்; கோடையில் இங்கே மழை குறைவு. ஆகவே தண்ணீர் பாய்ச்சியே ஆக வேண்டும். தண்ணீர் பாய வேண்டுமானால் சரிவு சமதளமாக வேண்டும். மலைச்சரிவு படிப்படியாக வெட்டப்பட்டது, ஒவ்வொரு படிக்கும் சுண்ணாம்பு இல்லாமல் கல்லடுக்கு மதில் எழுந்தது, ஓடைகளிலிருந்து வாய்க்கால் இழுத்து வீட்டுக்கு வீடு முறை வைத்துத் தண்ணீர் பங்கிட்டார்கள். மக்காச்சோளத்தின் ஊடே பீன்ஸும் பூசணியும் வளர்ந்தன. வயல் ஓரத்து மரங்களில் திராட்சைக் கொடி ஏறியது. அறுவடை முடிந்த படிகளில் புல் வளர்த்து மாடு மேய்த்தார்கள். மலையிலிருந்து புதர்ச்செடிகளை வெட்டிவந்து தொழுவத்தில் பரப்பி, சாணத்தோடு மட்கியதை வயலுக்கு எருவாக இட்டார்கள். இப்படித்தான் வயல் மாட்டையும், மாடு மலையையும், மலை ஊரின் உழைப்பையும் நம்பி நின்றது. இன்று நாம் ரசிக்கும் பச்சைப் படிக்கட்டு நிலம் இந்தப் பிணைப்பின் விளைவு.

குதிரின் கட்டுமானம்

கோட்டையின் காலடியில், பயிர் செய்ய உதவாத அகன்ற கருங்கல் பாறையின் மேல் ஐம்பது அறுபது எஸ்பிகெய்ரோக்கள் நெருக்கமாக நிற்கின்றன. முதல்முறை பார்ப்பவர்கள் கல்லறைகள் என்று நினைத்துக்கொள்வது உண்டு. நீண்டு ஒடுங்கிய கற்பெட்டி, மேலே இரு சரிவுக் கூரை, கூரை முகட்டில் சிலுவை என்று பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உண்மையில் அவை தானியக் குதிர்கள். நம் ஊர்க் குதிரும் பத்தாயமும் காற்றை வெளியே நிறுத்தி நெல்லைக் காப்பவை. இவை காற்றை உள்ளே விட்டுக் கதிரைக் காப்பவை. வேறுபாட்டின் காரணம் பருவத்தில் இருக்கிறது. நெல் நன்கு காய்ந்த பிறகு குதிருக்குப் போகும். லிந்தோசோவில் மக்காச்சோளம் அறுவடைக்கு வரும்போது இலையுதிர்காலம். அட்லாண்டிக்கிலிருந்து மழைமேகம் கிளம்பிவிடும். பெனேடா-ஜெரெஸ் மலைகளின் உயரமான இடங்களில் ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும். ஈரக்கதிரை மூடி வைத்தால் பூஞ்சணம் பிடித்துவிடும். காயும் வேலையும் சேமிக்கும் வேலையும் ஒரே இடத்தில், குளிர்காலம் முழுக்க நடந்தாக வேண்டும்.

ஒரு குதிரின் அருகில் நின்று பார்க்கலாம். பாறையில் நேராக ஊன்றிய குட்டையான கருங்கல் கால்கள். ஒவ்வொரு காலின் தலையிலும் திரிகைக் கல் போன்ற வட்டமான தட்டைக்கல் சுற்றிலும் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. கால் வழியாக ஏறும் எலி, இந்தத் தட்டின் அடிப்புறத்தில் தலைகீழாக நடக்க முடியாமல் திரும்பிவிடும். தட்டுகளின் மேல் நீளவாக்கில் உத்தரக்கல், அதன் மேல் பெட்டி. பக்கச் சுவர்களில் மெல்லிய பலகைக் கற்கள் வரிசையாக நிற்கின்றன. இரண்டு கற்களுக்கு இடையே ஒரு குறுகிய பிளவு. காற்று நுழையும், கதிர் விழாது. பெட்டி அகலம் குறைவாக இருப்பது கல்லைச் சிக்கனம் செய்ய அல்ல. ஒரு பக்கம் நுழையும் காற்று கதிர்க்குவியலை ஊடுருவி மறுபக்கம் வெளியேற வேண்டும். கதவு குறுகிய முகப்பில் இருக்கிறது. அங்கே ஏறும் கற்படியும் குதிரோடு ஒட்டாமல் சற்று விலகி நிற்கும். மனிதக் கால் தாண்டிவிடும் இடைவெளியை எலியால் தாண்ட முடியாது. கூரைச் சிலுவை, ஓர் ஆண்டின் உணவைக் கடவுள் காவலில் ஒப்படைக்கும் அடையாளம். இதை வடிவமைத்தவர்கள் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. கல்தச்சர்களும் உழவர்களும் தலைமுறை தலைமுறையாகத் திருத்தித் திருத்திக் கண்ட தீர்வு இது. கோட்டைக் கொத்தளத்தை வரைந்த பொறியாளர்களின் அறிவுக்கு எள்ளளவும் குறையாதது என்பது என் துணிபு.

இந்த வடிவம் எவ்வளவு பழையது? ஆய்வாளர்கள் கவனமாகப் பிரித்துப் பார்க்க வேண்டிய இடம் இது. தரையிலிருந்து உயர்த்திய களஞ்சியம் என்ற எண்ணம் மக்காச்சோளத்துக்கு வெகுகாலம் முந்தியது. கி.மு. 1ஆம் நூற்றாண்டில் ரோமானிய எழுத்தாளர் வர்ரோ தம் வேளாண் நூலில், ஹிஸ்பானியாவின் ஒரு பகுதியில் பக்கங்களிலிருந்தும் அடியிலிருந்தும் காற்றுப் படும்படி உயர்த்திக் கட்டிய தானியக் களஞ்சியங்களைக் குறிப்பிடுகிறார். 13ஆம் நூற்றாண்டில் காஸ்தில் அரசர் பத்தாம் அல்ஃபோன்சோவின் அரசவையில் உருவான மரியன்னைப் பாடல் தொகுப்பின் ஓவியச் சுவடியிலும் கால்கள் மேல் நிற்கும் களஞ்சியம் வரையப்பட்டிருக்கிறது. ஆனால் ரையும் தினையும் கதிரடித்த பிறகு மணியாகச் சேமிக்கப்படுபவை. பிளவுகள் கொண்ட சுவர் மணிக்கு உதவாது, சிந்திவிடும். பக்கமெல்லாம் பிளவுள்ள ஒடுங்கிய பெட்டி, முழுக்கதிரை உலர்த்தத் தேவைப்பட்ட பிறகே பெருகியிருக்க வேண்டும். ஊர்களில் கிடைக்கும் ஆண்டுகளும் இதற்குத் துணை நிற்கின்றன. ஆற்றுக்கு அப்பால், வடகரை மலையில் உள்ள சோவாஜோவில் ஒரே பாறைமேல் 24 குதிர்கள் நிற்கின்றன. அவற்றுள் மிகப் பழையதில் பொறித்திருக்கும் ஆண்டு 1782. லிந்தோசோவின் குதிர்களும் பெரும்பாலும் 18, 19ஆம் நூற்றாண்டுகளைச் சேர்ந்தவை. கோட்டையோடு சேர்த்துப் புகைப்படத்தில் பார்க்கும்போது இரண்டும் ஒரே காலத்தவை போலத் தோன்றினாலும், நடுவே ஐந்நூறு ஆண்டு இடைவெளி இருக்கிறது.

குதிர் ஒவ்வொன்றும் ஒரு குடும்பத்தின் சொத்து. கீழே உள்ள பாறைக்களம் ஊருக்குப் பொது. இந்த ஏற்பாட்டில் காற்றும் வெயிலும் எல்லோருக்கும் சமமாகக் கிடைத்தன. ஒருவரின் குதிருக்கு ஊரே காவல் நின்றது. அறுவடைக் காலத்தில் அக்கம்பக்கத்தார் கூடி மடல் உரிப்பார்கள். வேலையோடு பாட்டும் நடக்கும். சிவப்பு மணி கொண்ட கதிர் யார் கையில் அகப்படுகிறதோ, அவர் சுற்றியிருக்கும் எல்லோரையும் கட்டித் தழுவலாம் என்பது வட போர்த்துகலெங்கும் இருந்த வழக்கம். இளையோர் அந்தக் கதிரைத் தேடியே வேகமாக உரிப்பார்களாம். காய்ந்த கதிரைத் தேவைக்குத் தக்க எடுத்துக் களத்தில் அடித்து, ஓடைத் தண்ணீரில் சுழலும் சிறு ஆலைகளில் அரைத்து, ரை மாவும் கலந்து ப்ரோவா என்ற கனத்த ரொட்டியைச் சுட்டார்கள். இந்த முழு வேலைச் சங்கிலியையும் போர்த்துகலின் மானிடவியல் முன்னோடி ஜார்ஜ் தியாஸும் அவருடைய கூட்டாளிகள் வெய்கா த ஒலிவெய்ராவும் ஃபெர்னாந்து கல்யானோவும் 20ஆம் நூற்றாண்டின் நடுவில் நாடெங்கும் சுற்றி வரைபடங்களோடு பதிவு செய்தார்கள். அவர்கள் கிளம்பியது நல்ல வேளை. அடுத்த இருபது ஆண்டுகளில் ஊர்கள் காலியாகத் தொடங்கின.

இயற்கை எனப்படும் மலை

லிந்தோசோவின் முதுகுப்புறம் எழும் செர்ரா அமரேலா மலை, 1971 மே 8 அன்று நிறுவப்பட்ட பெனேடா-ஜெரெஸ் தேசியப் பூங்காவின் பகுதி. ஏறத்தாழ 70,000 ஹெக்டேர் பரப்புள்ள இதுவே போர்த்துகலின் ஒரே தேசியப் பூங்கா. ஓக் காடுகள், பாறை முகடுகள், குளிர்ந்த ஓடைக் குளங்கள், காட்டில் சுற்றும் கர்ரானோ சிறுகுதிரைகள், நீண்ட கொம்புடைய கச்சேனா மாடுகள், ஐபீரிய ஓநாய் என்று இங்கே பார்க்க நிறைய உண்டு. மனிதக் கை படாத காடு என்று விளம்பரங்கள் சொல்வதை மட்டும் ஏற்பதற்கில்லை. வடகரையில் மெசியோ பகுதியில் உள்ள பெருங்கற்காலக் கல்திட்டைகள், இம்மலைகளில் மேய்ப்பர்கள் பல ஆயிரம் ஆண்டுகளாக வாழ்ந்ததைக் காட்டுகின்றன. கர்ரானோவும் கச்சேனாவும் ஊர்க்காரர்களின் உடைமைகள். ஓநாயைப் பிடிக்க மலையில் கட்டிய பொறிகள் இன்னும் நிற்கின்றன: மேலே அகன்று தொடங்கும் இரண்டு நீண்ட கல்மதில்கள் கீழே வர வர நெருங்கி ஒரு குழியில் முடியும். ஊர்கள் கூடி, கூச்சலிட்டு ஓநாயை அதற்குள் விரட்டும். 1988இல் ஓநாய்க்குச் சட்டப் பாதுகாப்பு வந்தபின் அந்த மதில்கள் வரலாற்றுச் சின்னங்களாகிவிட்டன.

மேய்ச்சல் மலை ஊருக்குப் பொதுவாக இருந்தது. மாடு வைத்திருப்போர் முறை வைத்து, தத்தம் மாட்டு எண்ணிக்கைக்கேற்ற நாட்கள் மந்தையை மலையில் மேய்த்தார்கள். சர்வாதிகாரி சலாசாரின் ஆட்சி 1938இல் கொண்டுவந்த காடு வளர்ப்புத் திட்டம் இத்தகைய பொது நிலங்களை அரசு பைன் தோட்டங்களாக மாற்றத் தொடங்கியது. மேய்ச்சல் சுருங்கியது. எரு குறைந்தால் வயல் என்ன ஆகும் என்பதை மேலே கண்ட பிணைப்பிலிருந்தே ஊகிக்கலாம். 1960களில் மின்யோ இளைஞர்கள் திரளாகப் பிரான்சுக்குக் கிளம்பியதற்குக் காரணங்கள் பல: வறுமை, ஆப்பிரிக்கக் காலனிகளில் போர், கட்டாய ராணுவச் சேவை. மலையை இழந்ததும் அவற்றில் ஒன்று என்றே நான் கருதுகிறேன். சர்வாதிகாரம் வீழ்ந்த பின் 1976இல் ஒரு சட்டம் பொது நிலங்களை ஊர்ச் சமூகங்களுக்குத் திருப்பித் தந்தது. அதற்குள் மேய்க்க ஆள் குறைந்துபோயிருந்தது.

தண்ணீரின் கதையும் இதே திசையில் போனது. வயல் வாய்க்கால்களுக்கு ஓடிய மலைநீர் 20ஆம் நூற்றாண்டில் மின்சாரமாகியது. 1922இல் லிந்தோசோவின் முதல் நீர்மின் நிலையம் இயங்கத் தொடங்கி போர்த்து நகருக்கு மின்சாரம் அனுப்பியது. எல்லை ஆறுகளின் நீர்மின் பயன்பாடு குறித்து 1968இல் போர்த்துகலும் ஸ்பெயினும் செய்துகொண்ட உடன்படிக்கையைத் தொடர்ந்து, 110 மீட்டர் உயரமுள்ள ஆல்தோ லிந்தோசோ அணை 1992இல் செயல்பட வந்தது. மலைக்குள் குடைந்த அதன் மின்நிலையத்தின் திறன் 630 மெகாவாட். அணை நின்றது போர்த்துகலில். தண்ணீர் விரிந்தது கலீசியாவுக்குள். அசெரெதோ என்ற ஊர் மூழ்கியது. செர்ரா அமரேலாவின் மறுபக்கத்தில், ஜார்ஜ் தியாஸ் 1948இல் நூலாக ஆராய்ந்த வில்லாரின்யோ த ஃபுர்னா என்ற கூட்டுவாழ்வு ஊர், வேறோர் அணைக்காக 1970களின் தொடக்கத்திலேயே நீரில் மறைந்திருந்தது. 2022 பிப்ரவரியில் கடும் வறட்சியால் ஆல்தோ லிந்தோசோவில் மின் உற்பத்தியை நிறுத்தும்படி அரசு உத்தரவிட்டது. வற்றிய நீர்த்தேக்கத்திலிருந்து அசெரெதோவின் வீடுகள் வெளிப்பட்டபோது அதைக் காணப் பயணிகள் திரண்டார்கள். முன்னாள் குடியிருப்பாளர்களும் வந்தார்கள்.

பாதுகாப்பு பற்றிய கேள்வி இங்கிருந்துதான் எழுகிறது. கோட்டைக்கும் குதிர்களுக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. அவை நன்றாகவே பேணப்படுகின்றன. படிவயலுக்கும் வாய்க்காலுக்கும் மாட்டுப்பட்டிக்கும் அந்தக் கவனிப்பு இல்லை. அவற்றைக் காப்பது கல்லைக் காப்பதைவிடக் கடினம், ஏனென்றால் உழைப்பவர் இருந்தால் மட்டுமே அவை நிற்கும். எருவுக்காக வெட்டப்பட்டும் மாடு மேய்ந்தும் அடங்கியிருந்த புதர் இப்போது தடையின்றி அடர்ந்து கோடையில் காய்ந்து கிடக்கிறது. 2016 ஆகஸ்டில் வடகரை மலைகளும், 2025 ஜூலை இறுதியில் பொந்தெ த பார்கா பக்கத்து மலைகளும் நாள்கணக்கில் எரிந்தன. லிந்தோசோவுக்குப் போகிறவர் கோட்டையையும் குதிர்களையும் பார்த்த கையோடு, இதே ஃப்ரெகெசியாவுக்குள் இருக்கும் பரதா, சிததெல்யே சிற்றூர்கள் வரை நடந்து போக வேண்டும். மக்காச்சோளம் இன்னும் பயிராகும் படிகளும் புதர் மூடிய படிகளும் அந்தச் சரிவுகளில் அடுத்தடுத்து இருக்கின்றன. எவை எந்த ஆண்டில் கைவிடப்பட்டன என்பதை ஊரில் மிச்சமிருக்கும் முதியவர்கள் வயல் வயலாகச் சொல்வார்கள். அந்தக் கணக்கை அவர்கள் இருக்கும்போதே எழுதி வைப்பது, இந்த வட்டாரத்தில் ஆய்வு செய்பவர்களுக்கு முன்னால் இருக்கும் அவசர வேலை.